நாற்பது கேபி ரகசியம்

வாசகரே, உங்களுக்கு ஒருவரை அறிமுகம் செய்து வைக்கிறேன். புது ஆள் அல்ல. பட்டா மாறுதலுக்கோ, பிறப்புச் சான்றிதழில் ஓர் எழுத்தைத் திருத்துவதற்கோ நீங்கள் போனபோது, உங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டிருந்த ஒரு கணினித் திரைக்குப் பின்னால் பாதி முகமாகத் தெரிந்தாரே, அவர்தான். பாதி முகத்துக்கு மேல் அவரை யாரும் பார்த்ததில்லை. இந்த இனத்துக்குக் கணினிக் காவலர் என்று பெயர் வைத்திருக்கிறேன்.

காகிதக் காலத்தில் இவர் தேவைப்படவில்லை. அப்போது கரையான் இருந்தது. எலி இருந்தது. ஒழுகும் கூரை, மாற்றலாகிப் போன குமாஸ்தா, சாவி தொலைந்த பீரோ என்று, அரசாங்கக் கோப்பைப் பொதுமக்களிடமிருந்து காப்பாற்ற எத்தனையோ பேர் ஓசையில்லாமல் உழைத்தார்கள். பிறகு கோப்புகள் எல்லாம் கணினிக்குள் போயின. கரையானுக்கு வேலை போயிற்று. யார் கேட்டாலும் ஒரு தட்டு தட்டினால் போய்ச் சேர்ந்துவிடும் என்ற பேராபத்து வந்தது. இதைத் தடுக்க ஒருவர் வேண்டாமா? கரையான்கள் கூட்டமாகச் செய்த பணியைத் தனி ஆளாகச் செய்ய ஒருவர் வேண்டாமா?

வந்தார்.

தாம்பரத்தைச் சுற்றியுள்ள அலுவலகங்களில் ஒன்றில் (எது என்று சொல்லமாட்டேன், எனக்கும் அங்கே ஒரு மனு நிலுவையில் இருக்கிறது) இந்த இனத்தின் அருமையான மாதிரி ஒருவர் இருக்கிறார். பெயர் கஸ்தூரிரங்கன். கண்காணிப்பாளர், பொதுத் தகவல் அலுவலரும் அவரே. அவருடைய கணினியின் நெற்றியில் சந்தனமும் குங்குமமும் இருக்கும். மதியம் சாப்பிடப் போனால் அதன்மேல் ஒரு துண்டைப் போர்த்திவிட்டுப் போவார். கடவுச்சொல்லை ஒரு சீட்டில் எழுதித் திரையின் ஓரத்திலேயே ஒட்டியிருப்பார், அது ரகசியமல்ல. உள்ளே இருப்பதுதான் ரகசியம். அவருக்கு மூன்று வாக்கியங்கள் தெரியும். "எல்லாம் சிஸ்டத்துல இருக்கு." "சிஸ்டத்துல இருக்கறதை வெளில கொடுக்க முடியாது." "சிஸ்டத்துல இல்லாதது எங்ககிட்ட இல்லை." முப்பது வருட சர்வீஸில் நான்காவது வாக்கியத்துக்கு அவசியம் நேரவில்லை.

அமலராணி வரும் வரையில்.

அமலராணி சேலையூரில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் டெக்னீஷியன். குடியிருப்பது தாம்பரத்துக்கு மேற்கே, அடையாற்றுப் பக்கம், பெத்லகேம் குறுக்குத் தெருவில். கணவர் டேனியல் மூன்று வருடங்களுக்கு முன் பக்கவாதத்தில் விழுந்தவர். இடது காலும் கையும் வராது. போன நவம்பர் மழையில் தெருத் தண்ணீர் வீட்டுக்குள் நுழைந்து கட்டிலைத் தொட்டது. அக்கம்பக்கத்தார் நான்கு பேர் டேனியலை பிளாஸ்டிக் நாற்காலியோடு தூக்கி, எதிர்வீட்டு அக்தரின் மாடியில் கொண்டுபோய் உட்கார வைத்தார்கள். இரண்டு நாள் அங்கேயே இருந்தார். எப்போதும் கேலியும் பாட்டுமாக இருக்கிற மனிதர், அந்த இரண்டு நாளும் வாயைத் திறக்கவில்லை. தண்ணீர் வடிந்து கீழே கொண்டுவந்து படுக்க வைத்ததும் ஒன்றே ஒன்று சொன்னார்.

"அடுத்த மழைக்கு என்னைத் தூக்க வேணாம் ராணி. இங்கேயே விட்டுடு."

அந்தத் தெருவுக்கு மழைநீர் வடிகால் போட உத்தரவாகி ஒரு வருடம் ஆகியிருந்தது. தெருமுனையில் ஒரு பள்ளம் தோண்டினார்கள். பள்ளத்தில் மழை பெய்தது. அத்தோடு போனவர்கள்தான். அடுத்த மழைக்குள் வேலை நடக்குமா, நடக்காதா? ஜூன் மாதத்தில் ஒரு நாள் அரை லீவு போட்டுவிட்டு அதைக் கேட்கப் போனார்.

"அதான் எல்லாம் ஆன்லைன் ஆயிடுத்தேம்மா," என்றது கஸ்தூரிரங்கனின் பாதி முகம். "வெப்சைட்ல பாருங்கோ."

வெப்சைட்டில் பார்த்தார். அழகான வெப்சைட். 'வடிகால் பணிகள்' என்ற இடத்தைத் தொட்டால் வடிகால் திறப்பு விழாப் படங்கள் வந்தன. 'பணி நிலவரம்' என்ற இடத்தைத் தொட்டால் 'விரைவில்' என்று வந்தது. கீழே, கடைசியாகப் புதுப்பித்த தேதி என்று இரண்டு வருடத்துக்கு முந்தைய ஒரு தேதி.

ஆகவே தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு எழுதினார். எல்லா வடிகால் பணிகளின் பட்டியலும் வேண்டும். அது உங்கள் கணினியில் எப்படி இருக்கிறதோ அப்படியே, மின்னணு வடிவில் வேண்டும். வரிசையில் நின்று கொடுத்து, முத்திரை வாங்கினார்.

கஸ்தூரிரங்கன் மனுவை மூன்று முறை படித்தார். பிறகு, இப்படிப்பட்டவர்கள் எந்தச் சட்டத்தை நம்பி நம்மிடம் வருகிறார்களோ அந்தச் சட்டத்தையே படிப்பது என்ற அபூர்வமான முடிவுக்கு வந்தார். படித்தார். மகிழ்ந்தார். போன் செய்தார்.

"அம்மா, உங்களுக்கு ஃபைல் தர்றதுல எங்களுக்கு ஒரு ஆட்சேபணையும் இல்லை. சட்டப்படி கொடுத்துடலாம். ஒரு ஃப்ளாப்பி வாங்கிண்டு வாங்கோ."

"என்னது சார்?"

"ஃப்ளாப்பிம்மா. சட்டத்துலயே போட்டிருக்கு. பென் டிரைவ்னு எங்கேயாவது போட்டிருக்கா? காட்டுங்கோ பார்ப்போம்."

எதிர்வீட்டு அக்தர் தாம்பரம் மார்க்கெட் ஓரத்தில் செல்போன், கம்ப்யூட்டர் ரிப்பேர்க் கடை வைத்திருக்கிறார். அமலராணி அவரிடம் போய்க் கேட்டார்.

"இன்னாது, ஃப்ளாப்பியா?" அக்தர் கையிலிருந்த ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்தார். "அது செத்து இருவது வருசம் ஆவுதுக்கா. இன்னா, பேஜார் பண்றானா அந்தாளு?"

அமலராணி அன்று மாலை சட்டத்தைத் தாமே படித்தார். ஃப்ளாப்பி என்ற சொல் இருந்தது, உண்மைதான். அதே வரியில் சற்றுத் தள்ளி, வேறு எந்த மின்னணு முறையிலும் பெறலாம் என்றும் இருந்தது. மறுநாள் போய் அந்த வரியில் விரல் வைத்துக் காட்டினார். கஸ்தூரிரங்கன் ஃப்ளாப்பி வரைக்கும் படித்துவிட்டு நிறுத்தியிருந்தார். மனிதருக்குப் போதுமென்ற மனம் உண்டு.

முப்பதாவது நாள் பதிவுத் தபால் வந்தது. உள்ளே ஒரு சிடி. அமலராணியின் வீட்டில் அதைப் போட்டுப் பார்க்க எதுவும் இல்லை. அக்தரின் கடையில் பரண்மேல் ஒரு பழைய கம்ப்யூட்டர் பெட்டி இருந்தது.

"யார் வூட்டு கல்யாண கேசட்டுக்கா இது?" என்றபடியே போட்டுத் திறந்தார். ஒவ்வொரு பக்கமாக இறக்கினார். அவர் முகம் ஒரு பக்கமாகச் சாய்ந்தது; ஏனென்றால் திரையில் வந்த பக்கங்களும் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தன.

என்ன நடந்திருந்தது தெரியுமா? கஸ்தூரிரங்கன் கணினியில் இருந்த பட்டியலைக் காகிதத்தில் அச்சடித்திருக்கிறார். இருநூற்றுப் பன்னிரண்டு பக்கம். ஒவ்வொரு பக்கத்திலும் பச்சை மையால் கையெழுத்துப் போட்டு, வட்ட முத்திரை குத்தி, முத்திரை காய்வதற்காக மின்விசிறியின் கீழ்ப் பரப்பி, காய்ந்ததும் அத்தனையையும் திரும்ப ஸ்கேன் செய்து, படமாக்கி, சிடியில் ஏற்றி அனுப்பியிருக்கிறார். எதையும் தேட முடியாது. தெருப் பெயர்கள் ஒன்பதாம் பக்கத்தில். அந்தத் தெருவில் வேலை முடிந்ததா என்பது நூற்றுப் பதினைந்தாம் பக்கத்தில். பெத்லகேம் குறுக்குத் தெரு என்று எதுவோ தெரிந்த இடத்தில் முத்திரை விழுந்திருந்தது. கணினியில் இருப்பதை மின்னணு முறையில் கொடுக்க ஒரு மாதம் உழைத்திருக்கிறார். சோம்பேறி என்று அவரை யார் சொல்ல முடியும்?

"இத்த படிக்கணும்னா கழுத்து சுளுக்கிக்கும்க்கா," என்றார் அக்தர். "விட்டுரு. நீ எத்தினி தபா அலைவே?"

அமலராணி விடவில்லை. அவருக்குப் புரியாதது ஒன்றுதான். அவர் வேலை செய்யும் இடத்தில் ரத்தம் யாருடையதோ ரிப்போர்ட் அவருக்கு. தினமும் நூறு பேருக்குக் கொடுக்கிறார். இந்தத் தெரு யாருடையது? மேல்முறையீடு செய்தார்.

விசாரணை செப்டம்பரில் நடந்தது. மேல்முறையீட்டு அலுவலர் தேவானந்தம், அதே கட்டடத்தில் மாடியில் இருப்பவர். மணி பன்னிரண்டரை; அவருடைய கண் டிபன் கேரியர்மேல் இருந்தது. ஒரு பக்கம் அமலராணி. மறுபக்கம் கஸ்தூரிரங்கன். அவருக்குப் பின்னால், அந்தப் பட்டியலைத் தட்டச்சு செய்து பராமரிக்கும் ஒப்பந்த ஊழியர் ரோஹிணி. வருடத்துக்கொரு முறை நீட்டிக்கப்படும் வேலை அவருடையது. நீட்டிக்கும்படி எழுதவேண்டியவர் கஸ்தூரிரங்கன்.

"ஃபைலை அப்படியே மெயில்ல அனுப்ப வேண்டியதுதானே, என்ன கஷ்டம்?" என்றார் தேவானந்தம்.

"ரொம்பப் பெரிய ஃபைல் சார். அதை எடுத்தா சிஸ்டம் தாங்காது. ஆபீஸ் வேலை மொத்தமும் நின்னுடும்."

"எவ்வளவு பெரிசு?"

கஸ்தூரிரங்கன் இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினார். ஒரு பலாப்பழ அளவு இருக்கும். தேவானந்தம் ரோஹிணியைப் பார்த்தார். ரோஹிணி கஸ்தூரிரங்கனின் பின்னந்தலையைப் பார்த்தார். அமலராணியைப் பார்த்தார். துப்பட்டாவின் நுனியை விரலில் சுற்றிக்கொண்டு, மெதுவாக, ஆனால் தெளிவாகச் சொன்னார்.

"நாப்பது கேபி சார்."

"அப்படின்னா?"

"காலைல கஸ்தூரி சார் குரூப்ல ரோஜாப்பூ வச்ச குட்மார்னிங் படம் போடுவாரில்ல சார், அது நூத்தம்பது கேபி."

தேவானந்தம் தம் போனை எடுத்து, அன்றைய ரோஜாப்பூவை ஒரு முறை பார்த்தார்.

"கொடுத்துடலாம் சார்," என்றார் கஸ்தூரிரங்கன், நாற்காலியின் விளிம்புக்கு வந்து. "ஆனா, அவங்க அதுல எதையாவது மாத்திட்டா?"

"மாத்தினா என் காப்பிதானே சார் மாறும்?" என்றார் அமலராணி. "உங்ககிட்ட இருக்கிறது அப்படியேதானே இருக்கும்?"

கஸ்தூரிரங்கன் அவரைத் திரும்பிப் பார்த்தார். முழு முகத்தோடு. அந்த முகத்தில் நிஜமான பயம் இருந்தது. "தொண்ணூத்தஞ்சுல ஒருத்தரை நம்பி ஒரு ரிஜிஸ்டரைக் கொடுத்தேம்மா," என்றார். "பார்த்துட்டுத் தரேன்னார். திரும்பி வரவே இல்லை. எனக்கு மெமோ கொடுத்தா. மூணு வருஷம் இன்க்ரிமென்ட் போச்சு."

இதைச் சொல்லும்போது மட்டும் எனக்கு அவர்மேல் இரக்கம் வந்துவிடுகிறது. கொடுத்தால் போய்விடும், இவ்வளவுதான் அவர் கற்ற பாடம். கொடுத்த பிறகும் கொடுத்தவரிடமே இருக்கும் ஒரு பொருள் தம் மேசைக்கு வந்து பதினைந்து வருடமாகிவிட்டது என்பதை அவருக்கு யாரும் சொல்லவில்லை.

இரக்கம் போதும். ஃபைல் அன்று பகல் இரண்டு மணிக்கு அமலராணியின் மெயிலுக்கு வந்தது. சிஸ்டம் தாங்கியது. ஆபீஸ் வேலை நிற்கவில்லை. நிற்பதற்கு அந்த நேரத்தில் ஒன்றும் நடந்துகொண்டிருக்கவும் இல்லை. அமலராணி தெருப் பெயரைத் தட்டினார். ஒரே நொடியில் வந்தது. பெத்லகேம் குறுக்குத் தெரு, மூடிய வடிகால், இருநூற்று நாற்பது மீட்டர், பணி முடிந்தது. பக்கத்திலேயே ஒரு போட்டோவுக்கு இணைப்பு. அமலராணி போனைக் கணவரிடம் கொண்டுபோய்க் காட்டினார். புத்தம்புது வடிகால். அதற்கு மேலே, கோயிலும் படிகளுமாக, சில கிலோமீட்டர் தள்ளி இருக்கவேண்டிய திருநீர்மலை.

டேனியல் வெகுநேரம் பார்த்தார். பிறகு, பத்து மாதத்தில் முதல் தடவையாக, வாய்விட்டுச் சிரித்தார். "பெருமாள் நம்ம தெருவுக்கு எப்படி வந்தாரு ராணி? நாற்காலியோட தூக்கினு வந்துட்டாங்களா?"

படமும் பட்டியலும் தெரு வாட்ஸ்அப் குழுவுக்குப் போயின. அடுத்த திங்கட்கிழமை அறுபது பேர், அறுபது போனிலும் அதே படத்தோடு, அலுவலக வாசலில் நின்றார்கள். அந்தப் படத்தைப் பற்றிக் கேட்கக் கேட்க, அதிகாரிகளுக்கு வேலை நினைவுக்கு வந்தது. பத்து நாளில் பொக்லைன் வந்தது. வடகிழக்குப் பருவமழை வந்தபோது நூற்று எழுபது மீட்டர் முடிந்திருந்தது. மீதி எழுபது வழக்கம்போலப் பள்ளம்தான். டிசம்பரில் ஒரே நாளில் கொட்டித் தீர்த்தபோது, தண்ணீர் அமலராணி வீட்டின் இரண்டாவது படிவரை ஏறியது. அங்கேயே மூன்று மணி நேரம் நின்று யோசித்தது. இறங்கிப் போயிற்று. டேனியல் தம் கட்டிலிலேயே இருந்தார். அக்தர் மாடியிலிருந்து, "அண்ணா, ஆள் அனுப்பட்டா?" என்று கத்தினார். "வேணாம்பா, டீ அனுப்பு!" என்று கீழேயிருந்து பதில் வந்தது. அமலராணி சமையலறைக்குள் போய், யாருக்கும் தெரியாமல் கொஞ்சம் அழுதார்.

ரோஹிணிக்கு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். வேலை நீட்டிக்கப்பட்டது; அவர் இல்லாவிட்டால் கணினியைத் திறக்க ஆள் இல்லை. ஆனால் கண்காணிப்பாளரின் அறையிலிருந்து பிறப்பு இறப்புச் சான்றிதழ் கவுன்ட்டருக்கு மாற்றிவிட்டார்கள். ரகசியம் காக்கத் தெரியாதவராம்.

கஸ்தூரிரங்கன்? தகவலை மின்னணு வடிவில் கொடுத்த முதல் அலுவலகம் என்று மேலிடத்துக்கு ஓர் அறிக்கை போனது. அறிக்கையை எழுதியவர் அவரே. அதன் பேரில், புதிதாகச் சேர்ந்த ஊழியர்களுக்கு 'வெளிப்படையான நிர்வாகம்' என்ற தலைப்பில் வகுப்பெடுக்க அவரை அழைத்தார்கள். ஒரு மணி நேரம், படக்காட்சியோடு, பிரமாதமாகப் பேசினார். முடிவில் ஓர் இளம் பெண் எழுந்து, "சார், இந்த ஸ்லைடை எங்களுக்கு அனுப்புவீங்களா?" என்று கேட்டாள். அவர் புன்னகை செய்தபடியே லேப்டாப்பை மூடினார்.

சிரிக்கிறீர்கள். நல்லது. அரசாங்க ஆட்கள் எல்லாருமே இப்படித்தான் என்று பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லவும் தொடங்கியிருப்பீர்கள். சொல்லி முடித்ததும் உங்கள் போனைக் கொஞ்சம் எடுங்கள். கேளம்பாக்கத்தில் இருக்கும் உங்கள் தங்கை, அப்பா வாங்கிய மனைப் பத்திரத்தை ஸ்கேன் பண்ணி வைத்திருக்கிறாயே அண்ணா, எனக்கும் ஒரு காப்பி அனுப்பு என்று கேட்டிருந்தாரே? கேட்டுப் பதினோரு நாள் ஆகிறது. நீல டிக் விழுந்திருக்கிறது. பதிலுக்கு நீங்கள் ஒரு கட்டைவிரல் படம் அனுப்பியிருக்கிறீர்கள்.