பச்சைத் திட்டமும் பதினேழு கூட்டங்களும்

உலக வரலாற்றில் அவசரப்பட்டு உருப்பட்டவர் ஒருவர்கூட இல்லை. நிதானமே நாகரிகத்தின் தாய். ஒத்திவைப்பே அவள் பெற்ற தலைப்பிள்ளை. யாருக்காவது சந்தேகம் இருந்தால் என் அத்தானைக் கேட்கலாம். உடனே பதில் சொல்லமாட்டார். அதிலேயே பதில் இருக்கிறது.

அத்தான், அதாவது என் அக்காவின் கணவர், ஒரு பெரிய நிறுவனத்தின் கொள்முதல் பிரிவில் மேலாளர். இருபத்திரண்டு வருட சர்வீசில் ஒரு குண்டூசியைக்கூட மூன்று கொட்டேஷன் இல்லாமல் வாங்கியதில்லை. மாடிக்குத் தண்ணீர் ஏற்ற ஒரு பம்பு வாங்க நான்கு வருடம் எடுத்துக்கொண்டார். பம்பு வந்து இறங்கிய அன்று அந்தக் கட்டடத்தையே இடித்துக்கொண்டிருந்தார்கள். ஆனாலும் பம்பு மிகச் சரியான விலைக்கு வாங்கப்பட்டிருப்பதாகத் தணிக்கையில் பாராட்டி எழுதினார்கள். அந்தக் கடிதம் கண்ணாடிச் சட்டத்துக்குள் ஹாலில் தொங்குகிறது. கல்யாண போட்டோ பீரோவுக்குள் இருக்கிறது.

இப்பேர்ப்பட்டவர் தம் குழந்தைகளின் கல்லூரிப் படிப்புக்கு ஒரு சேமிப்புத் திட்டத்தைத் தேர்ந்தெடுக்க இறங்கினால் ஏனோதானோ என்று இருக்குமா? பெரியவளுக்கு மூன்று வயது முடிந்த மாதம், சாப்பாட்டு மேசையில் 'உயர்கல்விச் சேமிப்புத் தேர்வுக் குழு' உதயமாயிற்று. தலைவர் அத்தான். உறுப்பினர் அக்கா. கையெழுத்து அழகாக இருக்கிறது என்ற ஒரே குற்றத்துக்காக நான் செயலாளர். சின்னவன் அப்போது அக்காவின் வயிற்றில் இருந்தான். அவனை 'சிறப்பு அழைப்பாளர்' என்று எழுதிக்கொண்டேன்.

முதல் கூட்டத்துக்கு ஏஜென்ட் வந்திருந்தார். எப்போதும் சிரித்த முகம், ஒல்லி, கல்யாணம் ஆகாதவர். மேசைமேல் மஞ்சள், நீலம், பச்சை என்று மூன்று நோட்டீஸ்களை விரித்தார். பச்சை நோட்டீசின் பின்பக்கத்தை அக்கா எடுத்த எடுப்பிலேயே படித்துவிட்டாள். பெண்களின் அவசரம்!

"இதைப் பாருங்க. பச்சையில நாம கட்டுற பணத்துல பாதியை அவங்களும் போடுறாங்களாம். பதினெட்டு வயசுல மொத்தமா வருதாம். ஆனா குழந்தைக்கு அஞ்சு வயசு முடியறதுக்குள்ள சேரணும்."

"ஆமா மேடம். மத்த ரெண்டுலயும் அந்தப் பாதி கிடையாது. ஃபாரம் கையோட கொண்டாந்திருக்கேன். பத்து நிமிஷ வேலை" என்றார் ஏஜென்ட்.

"அப்ப இன்னிக்கே போட்டுடலாமே!"

அத்தான் கண்ணாடியைக் கழற்றினார். அவர் கண்ணாடியைக் கழற்றினால் ஒரு கொள்கை வருகிறது என்று அர்த்தம்.

"ஆத்துல போட்டாலும் அளந்து போடணும்."

"ஆத்துல யாருங்க போடச் சொன்னா? புள்ளை படிப்புக்குத்தானே போடச் சொல்றேன்!"

"பத்து நிமிஷத்துல முடியற காரியத்துல ஏதோ வில்லங்கம் இருக்கும். எழுதிக்க மாப்ள. பச்சைத் திட்டம் பரிசீலனைக்கு ஏற்கப்பட்டது. கூட்டம் ஒத்திவைக்கப்படுகிறது."

எழுதிக்கொண்டேன். அக்கா விருட்டென்று எழுந்து சமையலறைக்குப் போனாள். 'உறுப்பினர் வெளிநடப்பு' என்று அதையும் எழுதிக்கொண்டேன்.

அடுத்த இரண்டு கூட்டங்களில் மதிப்பெண் முறை வகுக்கப்பட்டது. நான்காவது கூட்டத்தில்தான் அடிப்படைச் சிக்கல் ஒன்றை அத்தான் கண்டுபிடித்தார். குழந்தை என்ன படிக்கப்போகிறது என்றே நமக்குத் தெரியாதே!

"எந்தப் படிப்பா இருந்தா என்ன சார்? பணம் பணம்தானே?" என்றார் ஏஜென்ட்.

"பம்பு வாங்குறதுக்கு முன்னாடி தண்ணி எத்தனை மாடி ஏறணும்னு தெரிய வேண்டாமா?"

ஏஜென்ட் பம்பு விற்றவர் அல்ல. நோட்டீஸ்களை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். நாற்காலியில் இரண்டு தலையணை வைத்து, பெரியவளைச் சாட்சியாக அதன்மேல் உட்காரவைத்தோம்.

"நீ பெரியவளாகி என்ன ஆகப்போற?"

"பஸ் கண்டக்டர்."

"அதுக்கு எத்தனை வருஷம் படிக்கணும் தெரியுமா?"

"எனக்கு இப்பவே விசில் ஊதத் தெரியும்ப்பா." ஊதியும் காட்டினாள். காது அடைத்துப்போயிற்று.

'கல்லூரிச் செலவு: இல்லை. தேவையான கருவி: விசில் ஒன்று, கையிருப்பில் உள்ளது' என்று பதிவு செய்தேன். தலைவர் அதை ஏற்க மறுத்து, குழந்தையின் லட்சியத்தை ஆராயத் துணைக்குழு ஒன்றை அமைத்தார். அதிலும் அத்தானும் நானும்தான்.

இப்படியாகக் குழு சீரும் சிறப்புமாக நடந்தது. கூட்டம் எப்போதும் ஞாயிற்றுக்கிழமை. பெரியவள் செருப்பை மாட்டிக்கொண்டு, பார்க்குக்கு ஊஞ்சலாடப் போகலாம் என்று வந்து நிற்பாள்.

"இன்னிக்கு முடியாதுடா கண்ணா. அப்பாவுக்கு உன் எதிர்கால வேலை இருக்கு."

"அது எப்பப்பா முடியும்?"

"எதிர்காலத்துல."

குழந்தை செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு மேசைக்கு அடியில் பொம்மைகளை வரிசையாக உட்காரவைத்து விளையாடும். ஒருநாள் குனிந்து காதுகொடுத்துக் கேட்டேன். "அழாதே. உனக்குப் பால் அடுத்த கூட்டத்துலதான்" என்று கரடிப் பொம்மையை அதட்டிக்கொண்டிருந்தாள். அத்தானுக்குக் கண் கலங்கிவிட்டது. "என் ரத்தம்டா மாப்ள!" என்றார்.

இடையில் ஏஜென்ட்டின் வாழ்க்கை தறிகெட்டு ஓடியது. ஐந்தாவது கூட்டத்தில் கல்யாணப் பத்திரிகை வைத்தார். பதினான்காவது கூட்டத்துக்கு இனிப்புப் பெட்டியோடு வந்தார். பெண் குழந்தையாம்.

"எந்தத் திட்டத்துல சேர்க்கப்போறீங்க?"

"சேர்த்தாச்சு சார். பச்சைதான். ஆஸ்பத்திரி வாசல்லயே ஃபாரம் போட்டுட்டேன். இன்னும் பேரே வைக்கலை."

அவர் போனதும் அத்தான் பெருமூச்சு விட்டார். "பாவம், அனுபவம் பத்தாது. ஒரு கொட்டேஷன்கூட வாங்கலை பாரு."

பதினாறாவது கூட்டத்தில் அந்தப் பொன்னான தீர்மானம் நிறைவேறியது. நூற்றுக்குத் தொண்ணூற்றேழு மதிப்பெண் பெற்றுப் பச்சைத் திட்டம் வெற்றி பெற்றது. நோட்டீஸ் தாள் கொஞ்சம் மெல்லிசு என்பதால் மூன்று மதிப்பெண் குறைந்தது. பதினாறாவது கூட்டத்தின் தீர்மானத்தை உறுதிசெய்யப் பதினேழாவது கூட்டம். அது முடிந்தபோது அக்கா விரல்விட்டு எண்ணினாள்.

"வியாழக்கிழமை அவ பிறந்தநாள். அஞ்சு முடியுது. நாளைக்கே போய்ச் சேர்த்துடுங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

அத்தான் கண்ணாடியைக் கழற்றினார்.

"இருபத்திரண்டு வருஷமா டெண்டர் பார்க்குறவன்டி நான். கடைசி நாள் சாயங்காலம் அஞ்சு மணி வரைக்கும் செல்லும். முன்கூட்டியே போட்டா நம்ம விவரம் வெளியில கசிஞ்சிடும்."

"யாருக்குங்க கசியும்?"

"அதைத்தான் கண்டுபிடிக்கவே முடியாது."

வியாழக்கிழமை மாலை நாலரைக்கு நாங்கள் எல்லாரும் பச்சைத் திட்ட அலுவலகத்தில் இருந்தோம். வீட்டில் கேக் வெட்டாமல் இருந்தது. சின்னவன் அக்காவின் இடுப்பில். பெரியவள் புது கவுனும் கையில் ஒரு சிவப்பு பலூனுமாக வந்திருந்தாள். கவுன்டரில் இருந்த அம்மாள் ஃபாரத்தை வாங்கி, நூலில் கட்டிய பேனாவால் ஒவ்வொரு வரியாக டிக் அடித்துக்கொண்டே போனார். அத்தான் மூன்று பிரதி எடுத்து வந்திருந்தார். ஒன்றே போதும் என்றதும் அவர் முகம் வாடியது.

பெரியவள் எக்கி நின்று கவுன்டரைத் தட்டினாள். "ஆன்ட்டி, இன்னிக்கு எனக்கு பர்த்டே! அஞ்சு வயசு!"

"அப்படியா கண்ணு? நல்லா இரு" என்று சிரித்தவர், பேனாவை நிறுத்தினார். பிறப்புச் சான்றிதழைத் திருப்பிப் பார்த்தார். "சார், இன்னிக்கா அஞ்சு? நேத்தே வந்திருக்கணுமே. அஞ்சு முடியறதுக்குள்ளன்னு போட்டிருக்கு."

"மணி நாலு முப்பத்தேழுதாம்மா ஆகுது."

"மணிக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல சார். நேத்தோட முடிஞ்சுபோச்சு."

"விதிவிலக்குன்னு ஒண்ணு இருக்குமே?"

"மனு கொடுக்கலாம். அதுக்குன்னு ஒரு கமிட்டி இருக்கு. கூடிப் பேசி முடிவெடுப்பாங்க."

"எப்ப கூடுவாங்க?"

"கடைசியா வந்த மனுவை ஆறு வருஷமா பரிசீலிச்சுக்கிட்டிருக்காங்க."

அத்தானின் முகத்தில் ஒரு மரியாதை படர்ந்தது. தம்மைவிட நிதானமானவர்கள் இவ்வுலகில் இருப்பதை அன்றுதான் அவர் அறிந்தார்.

 அக்கா இன்னொரு ஃபாரம் வாங்கி, இடுப்பிலிருந்த சின்னவனை என்னிடம் தள்ளிவிட்டு, அவன் பேருக்கு மளமளவென்று எழுதினாள்.

"ஏய், மூணு கொட்டே..." என்று அத்தான் ஆரம்பித்தார். அக்கா நிமிர்ந்து ஒரு பார்வை பார்த்தாள். மீதி வார்த்தை தொண்டையிலேயே ஒத்திவைக்கப்பட்டது. பணம் கட்டி, ரசீது வாங்கி, எல்லாம் சேர்த்து ஒன்பது நிமிடம். நான் கடிகாரத்தைப் பார்த்தேன்.

வெளியே வரும்போது பெரியவள் என் சட்டையை இழுத்தாள். "தம்பிக்குக் கொடுத்தாங்க. எனக்கு ஏன் மாமா கொடுக்கலை? நான் பர்த்டேன்னு சொல்லியிருக்கக் கூடாதா?"

"உனக்குத்தான் விசில் இருக்கேடா" என்றேன். ஒரு தாய்மாமன் சொல்லுகிற பதிலா அது? எனக்கே வெட்கமாக இருந்தது.

அடுத்த ஞாயிறு பதினெட்டாவது கூட்டம். பெரியவளுக்கு மஞ்சளா நீலமா என்று முதலிலிருந்து ஆராய வேண்டும். அதற்குமுன் நடந்ததைப் பதிவு செய்ய அத்தான் வாசகம் சொன்னார். நான் எழுதி, முறைப்படி உரக்கப் படித்தேன்.

"குழு தன் கடமையைச் செவ்வனே செய்தது. பயனாளி மட்டும் குழுவின் முன் அனுமதி பெறாமல் ஐந்து வயதை எட்டிவிட்டார்."

மேசைக்கு அடியிலிருந்து ஒரு தலை எட்டிப் பார்த்தது. "பயனாளின்னா யாரு மாமா?"

"நீதான்டா."

"எனக்குத் தானா வயசு ஆயிடுச்சு மாமா. நான் ஒண்ணும் பண்ணலை." கரடிப் பொம்மையோடு வெளியே வந்தாள். "நான் வளர்றப்போ நீங்கள்லாம் என்ன பண்ணிட்டிருந்தீங்க?"

பதினெட்டுக் கூட்டங்களில் எழுப்பப்பட்ட ஒரே உருப்படியான கேள்வி. செயலாளன் என்ற முறையில் அதைக் குறிப்பேட்டில் அப்படியே எழுதி, பதிலுக்காக நான்கு வரி இடம் விட்டேன். அத்தான் கண்ணாடியைக் கழற்றினார். கொள்கை எதுவும் வரவில்லை.

அந்த நான்கு வரியும் இன்றுவரை காலியாகத்தான் இருக்கிறது. அதற்குக் கீழே அத்தானும் நானும் கையெழுத்துப் போட்டிருக்கிறோம். என் கையெழுத்து எப்போதும்போல அழகாக இருக்கிறது. அக்கா போடவில்லை, குழந்தையை ஊஞ்சலாட்டக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள்.