மேனேஜரைத் தர முடியாது

"அக்கா, மூணே மூணு வரி போதும். 'அன்பான நாய், அடக்கமான நாய், நல்ல வீடு தேடுகிறது.' அவ்வளவுதான். மீதியை நான் பார்த்துக்கறேன்."

"பொய் எழுத எனக்கு வராது," என்றாள் பிரேக் அக்கா.

போனின் மறுமுனையில் இருந்தவள் நாய் மீட்புக் குழுவின் தலைவி. பகலில் ஆஸ்பத்திரியில் முதுகுவலிக்காரர்களுக்கு உடற்பயிற்சி சொல்லிக்கொடுப்பாள். மீதி நேரமெல்லாம் நாய்களுக்கு வீடு பார்ப்பாள். குழுவில் ஒருத்தருக்கும் சம்பளம் கிடையாது. தெருவில் அடிபட்ட நாயை ஒருவர் தூக்குவார், ஒருவர் ஊசிக்கு அழைத்துப்போவார், ஒருவர் வேனில் ஏற்றிக் கொண்டுபோய் விடுவார், ஒருவர் தத்தெடுக்க ஆள் தேடுவார். ஒரு நாயை இரண்டு தடவை பார்த்தவர் குழுவிலேயே அபூர்வம். வேலை முடிந்தால் போன் குரூப்பில் ஒரு கட்டைவிரல் படம் விழும். கட்டைவிரல் விழுந்தால் அதற்குமேல் யாரும் எதுவும் கேட்பதில்லை.

பிரேக் அக்கா கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவள். பயிற்சிக் காரில் அவள் உட்காரும் பக்கமும் ஒரு பிரேக் உண்டு. இருபத்திரண்டு வருஷமாக அதை மிதித்து மிதித்து, பெற்றோர் வைத்த பெயர் போய் இந்தப் பெயர் நிலைத்துவிட்டது. சாலையில் கோடு போட்டிருந்தால் கோட்டில் நிற்பாள். ஆளே இல்லாத தெருவிலும் சிவப்பு விளக்குக்குக் காத்திருப்பாள். கையெழுத்துப் போட்டால் போட்டதுதான்.

அந்தக் கையெழுத்துதான் இப்போது வினையாகிவிட்டது.

மூன்று மாதத்துக்கு முன் "ரெண்டே ரெண்டு வாரம் வச்சுக்கோங்கக்கா" என்று தலைவி கெஞ்சியபோது போட்ட கையெழுத்து அது. படிவத்தில் மூன்றாவது விதி: தற்காலிகமாக நாயை வைத்திருக்கும் வீட்டார் அதே நாயைத் தத்தெடுக்கக் கூடாது. "வச்சிருக்கறவங்களே எடுத்துக்கிட்டா அடுத்த நாயை நான் எங்க வைக்கறது? நாப்பது நாய் வரிசையில நிக்குது" என்பது தலைவியின் நியாயம். ரொம்பச் சரி என்று அன்றைக்குத் தலையாட்டியவள் அக்காதான்.

சொன்ன நாளில், சொன்ன நேரத்தில் கேட்டைத் திறந்தாள். வாசலில் பழுப்பு நிறத்தில் ஒன்று உட்கார்ந்திருந்தது. காது நுனியில் கருத்தடை செய்ததற்கு அடையாளமாக ஒரு வெட்டு. "உள்ள வா," என்றாள். அதுவும் ஏதோ வேலைக்குச் சேர வந்ததுபோல நிதானமாக உள்ளே வந்தது. மணிகூட அடிக்காமல் போன வேன்காரரை அன்று முழுக்கத் திட்டித் தீர்த்துவிட்டு, "நாய் வந்தாச்சு" என்று குரூப்பில் போட்டாள். பதினேழு கட்டைவிரல்கள் விழுந்தன.

தலைவி அனுப்பிய குறிப்பில் பெயர் பஞ்சு, தண்ணீர் என்றால் பயம், காரட் என்றால் உயிர் என்று இருந்தது. இதுவோ பஞ்சு என்று கூப்பிட்டால் வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று படுத்திருந்தது. துணி நனைத்த வாளியில் இறங்கி உட்கார்ந்தது. காரட்டைத் துப்பியது. தலைவியிடம் சொன்னதற்கு, "பாசம் கிடைச்சா ஆளே மாறிடுவாங்கக்கா!" என்று அழாத குறையாகச் சந்தோஷப்பட்டாள்.

தினமும் காலையில் வீட்டை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, முன்னறையில் அக்காவின் வீட்டுக்காரர் வேலை செய்யும் மேஜையை மோந்துவிட்டு, திருப்தியில்லாமல் ஒரு பெருமூச்சு விட்டுப் படுக்கும். அதனால் மேனேஜர் என்று பெயர் வந்தது. வீட்டுக்காரர் பல்செட் செய்கிறவர். மேஜை நிறைய ஊரார் வாய்கள் சாந்தில் வார்த்து வைக்கப்பட்டிருக்கும்.

"பொய் வராதுன்னா உண்மையையே எழுதுங்கக்கா," என்றாள் தலைவி.

அக்காவுக்கு அப்போதுதான் மூளையில் விளக்கு எரிந்தது. உண்மையை எழுதலாம். முழுசாக எழுதலாம். யார் வேண்டாம் என்றது?

"கூப்பிட்டால் வராது. குறட்டை விடும். சோபா அதனுடையது. செருப்பு ஜோடியில் ஒன்றை மட்டும் தின்னும். வருகிறவர்களை முறைக்கும். நன்றாக யோசித்துக்கொள்ளவும்," என்று எழுதி அனுப்பினாள். ஒரு கோடுகூட மீறவில்லை. எவனாவது எட்டிப் பார்க்கட்டும், பார்க்கலாம் என்று காபியை ஆற்றிக் குடித்தாள்.

சாயங்காலத்துக்குள் அறுபத்திரண்டு விண்ணப்பங்கள் வந்துவிட்டன.

"அக்கா, பிச்சு உதறிட்டீங்க!" என்று தலைவி போனில் குதித்தாள். "இவ்ளோ நேர்மையா எழுதினதை யாரும் பார்த்ததே இல்லையாம். ஒரு அம்மா 'அப்படியே எங்க வீட்டுக்காரர் மாதிரி இருக்கு, பழகின ஆளு'ன்னு எழுதியிருக்காங்க!"

"கண்டவங்களுக்கெல்லாம் நாயைத் தூக்கிக் கொடுத்துடுவீங்களா? பரீட்சை வைக்கணும்," என்றாள் அக்கா.

"வச்சிடுங்க. நீங்கதான் அதுல கெட்டிக்காரி."

உட்கார்ந்து நாற்பது கேள்வி தயாரித்தாள். லைசென்ஸ் பரீட்சையே தேவலை என்று ஆகிவிட்டது. 'நாய் உங்கள் சோபாவில் படுத்திருக்கிறது. நீங்கள் எங்கே உட்காருவீர்கள்?' 'உங்கள் வீட்டின் வரைபடத்தை அளவுகளோடு வரைக.' 'நாய் உங்களை முறைக்கிறது. தவறு யார் மீது?' இரண்டே நாளில் அறுபத்தோரு பேர் கழன்றுகொண்டார்கள்.

மிச்சம் இருந்தது ஒரே ஒருத்தி. தபால்காரம்மா. நாற்பதுக்கும் பதில் எழுதி, வரைபடத்தைக் கலர் பென்சிலில் போட்டிருந்தாள். எங்கே உட்காருவீர்கள் என்பதற்கு 'தரையில்' என்றும், தவறு யார் மீது என்பதற்கு 'என் மீது' என்றும் பதில்.

அக்கா சிவப்புப் பேனாவை வைத்துக்கொண்டு அரை மணி நேரம் தேடினாள். ஒரு தப்பு கிடைக்கவில்லை. இருபத்திரண்டு வருஷத்தில் யாருக்கும் முழு மதிப்பெண் போட்டதில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு நாற்பதுக்கு நாற்பது போட்டாள்.

"மனசாட்சி உள்ளவளுக்கு இந்தப் பரீட்சை வேலையெல்லாம் எதுக்கு?" என்றார் வீட்டுக்காரர்.

"நீங்க பல்லைப் பாருங்க."

அடுத்த ஏற்பாடு, நேரில் வரச் சொல்வது. வேலை முடிந்ததும் யூனிஃபார்மோடு, தோளில் பையோடு அப்படியே வரவேண்டும் என்று அக்கா கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். தபால் பையைக் கண்டு கொதிக்காத நாய் உலகத்தில் உண்டா? போதாக்குறைக்கு, வீட்டுக்காரரின் பல்செட் தட்டை எடுத்துத் தாழ்வான ஸ்டூலில் வைத்தாள். அந்தம்மா முன்னால் அவன் அட்டகாசம் பண்ணட்டும்.

தபால்காரம்மா உள்ளே வந்து, எழுதியபடியே தரையில் உட்கார்ந்தாள். மேனேஜர் பையை மோந்து பார்த்தான். பெருமூச்சு விட்டான். பிறகு ஸ்டூலுக்குப் போய், ஒரு மேல் வரிசைப் பல்செட்டைப் பூப்போல வாயில் கவ்வி வந்து அவள் மடியில் வைத்தான்.

"போச்சு!" என்று அக்கா சந்தோஷமாகக் கத்தினாள். "இதான் இவன் லட்சணம். திருடன்!"

தபால்காரம்மாவுக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "அம்மாவுக்குப் பல்செட் போடணும்னு ஆறு மாசமா ஆள் தேடிக்கிட்டு இருக்கேன். இவனுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

வீட்டுக்காரர் முன்னறையிலிருந்து பென்சிலோடு ஓடிவந்தார். "மேலயா, கீழயா?"

"ரெண்டும்தாங்க."

"திங்கக்கிழமை கூட்டிட்டு வாங்க, அளவு எடுத்துடலாம்!"

அக்கா அவரைப் பார்த்த பார்வையில் அந்தப் பென்சில் தானாகவே காதுக்குப் பின்னால் போய்ச் சேர்ந்தது.

கடைசியாக ஒன்று பாக்கி இருந்தது. வீட்டுச் சோதனை. அளவு நாடாவை எடுத்துக்கொண்டு, மேனேஜரைக் காரின் பின் சீட்டில் ஏற்றிக்கொண்டு தபால்காரம்மா வீட்டுக்குப் போனாள். மதில் உயரம் பார்த்தாள், மாடிப்படி பார்த்தாள், ஜன்னல் கம்பியை ஆட்டிப் பார்த்தாள். கேட்டுக்கு அடியில் நாலு அங்குல இடைவெளி இருந்தது. "அகப்பட்டுச்சா!" என்று நிமிர்வதற்குள் அந்தம்மா சுத்தியலும் பலகையும் கொண்டுவந்து அடைத்துவிட்டாள். உள்ளே போய்ப் பார்த்தால், மேனேஜர் அவர்கள் சோபாவில் ஏறிக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தான்.

வீடு திரும்பிக் காரை நிறுத்திய பிறகும் அக்கா இறங்கவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அவன் எங்கேயும் தூங்கிவிடுவான். அவன் இல்லாத வீட்டில் தன்னால் தூங்க முடியாது என்பது அவளுக்குத் தெளிவாகத் தெரிந்துவிட்டது. பின் சீட்டிலிருந்து மேனேஜர் அவள் தோளில் தாடையை வைத்துப் பெருமூச்சு விட்டான்.

வீட்டுக்காரர் வெளியே வந்து கதவைத் திறந்தார். "இவ்ளோ ஆசை இருந்தா வச்சுக்க வேண்டியதுதானே?"

"கையெழுத்துப் போட்டிருக்கேன்ங்க."

"அப்ப கொடுத்துடு."

"முடியாது."

"அப்ப விதியை மீறு."

"முடியாது."

"என்னதான்மா உன்னால முடியும்?" என்று தலையில் கைவைத்துக்கொண்டு அவர் ஒரு கீழ்த்தாடையைச் சரிபார்க்கப் போனார்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு எல்லோரும் வந்துவிட்டார்கள். தலைவி கையில் படிவத்தோடு. தபால்காரம்மா புதுக் கழுத்துப்பட்டையோடு. வேன்காரர் தன் வேனோடு. இந்த வேன்காரர் நாற்பத்தைந்து வயது மனிதர், வேலை நாட்களில் பீரோ, கட்டில் ஏற்றுகிறவர். பதினைந்து நாளுக்கு ஒரு தடவை நாய்த் தீனி மூட்டையைக் கேட்டோரம் வைத்துவிட்டு, அக்கா வெளியே வருவதற்குள் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விடுவார். இருவரும் நேருக்கு நேர் பார்ப்பது இதுதான் முதல் தடவை.

"எங்கக்கா நம்ம ஹீரோ?" என்றாள் தலைவி.

"இதோ கூட்டிட்டு வரேன்," என்று அக்கா உள்ளே போனாள். மேனேஜரைப் பார்த்தாள். மேனேஜரும் அவளைப் பார்த்தான். அந்த நிமிஷத்தில் அவளுக்குள் இருபத்திரண்டு வருஷமாக எரிந்துகொண்டிருந்த சிவப்பு விளக்கு அணைந்தது.

பின்வாசல் வழியாக அவனை இழுத்துக்கொண்டு ஓடிக் காரின் பின் சீட்டில் தள்ளினாள். சத்தம் கேட்டு வந்த வீட்டுக்காரரையும் ஒரு கதவு வழியாகத் தள்ளிவிட்டு, தான் இன்னொரு கதவில் ஏறி உட்கார்ந்தாள்.

"எடுங்க வண்டியை!"

"நானா?" என்றார் வீட்டுக்காரர்.

அப்போதுதான் பார்த்தாள். பழக்கதோஷத்தில் அவள் வழக்கமான சீட்டில் உட்கார்ந்திருந்தாள். ஸ்டியரிங் அவர் முன்னால் இருந்தது. இத்தனை வருஷத்தில் அந்த மனுஷன் கார் ஓட்டக் கற்றுக்கொண்டதே இல்லை.

"சாவியைத் திருப்புங்க. கிளட்ச். கியர். மெதுவா விடுங்க!"

கார் ஒரு முழம் பாய்ந்தது. அக்காவின் கால் தானாகப் போய் பிரேக்கை மிதித்தது. மறுபடி கிளப்பினார். மறுபடி ஒரு முழம். மறுபடி பிரேக்.

"தப்பிச்சு ஓடறவ யாராவது பிரேக் போடுவாங்களா?" என்று அவர் கத்தினார்.

"கால் கேக்க மாட்டேங்குதுங்க!"

இப்படியே ஐந்து முழம் ஓடித் தப்பித்து, கார் சரியாகத் தலைவியின் முன்னால் போய் நின்று அணைந்தது.

"அக்கா, என்ன பண்றீங்க?"

அக்கா கண்ணாடியை இறக்கினாள். முகம் சிவந்திருந்தது. "தப்பிச்சு ஓடறேன். ஆனா இப்ப ஓடலை. நேராவே சொல்றேன், கேட்டுக்கோங்க. மேனேஜரைத் தர முடியாது. மூணாவது விதியை நான் மீறறேன். போட்ட கையெழுத்தை மீறறேன். கேஸ் போடுங்க, குரூப்லேருந்து தூக்குங்க, ஊர் பூரா சொல்லுங்க. இத்தனை வருஷம் எல்லாக் கோட்டுலயும் நின்னாச்சு. இந்த ஒரு கோட்டுல நிக்க மாட்டேன்!"

"தபால்காரம்மா நாப்பதுக்கு நாப்பது வாங்கியிருக்காங்களேக்கா!"

"அதுக்கு நாப்பது நாய் வரிசையில நிக்குதுன்னு நீங்கதானே சொன்னீங்க? அதுல ஒண்ணைக் கொடுங்க. நல்ல மனுஷி, தங்கமான வீடு, நானே சர்ட்டிபிகேட் எழுதித் தரேன். இவன் மட்டும் கிடையாது."

"ஆமா, கிடையாது," என்றார் வீட்டுக்காரரும், ஸ்டியரிங்கை இறுகப் பிடித்தபடி.

தபால்காரம்மா கழுத்துப்பட்டையை மடித்துப் பைக்குள் வைத்தாள். ஆனால் தலைவிக்கு முதுகு விறைத்துக்கொண்டது. "இன்னைக்கு இவங்க, நாளைக்கு இன்னொருத்தர். அப்புறம் குழுவை எப்படி நடத்தறது? குழுவோட நாய் குழுவுக்குத்தான் சொந்தம். அண்ணே, பின் கதவைத் திறந்து பஞ்சுவை இறக்குங்க."

வேன்காரர் காரை நோக்கி வந்தார். அக்கா கதவைப் பூட்டிவிட்டுக் கையை முறுக்கிக்கொண்டு காத்திருந்தாள். அவர் கைப்பிடியில் கைவைக்கவே இல்லை. பின் சீட்டைப் பார்த்தார். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு ஜன்னல் பக்கம் குனிந்து, தலைவிக்குக் கேட்காத குரலில் சொன்னார்:

"விட்டுறாதீங்கக்கா! பஞ்சுவைக் கொடுக்க மனசு வராம அன்னைக்குப் பாதி வழியிலயே எங்க வீட்டுக்குக் கொண்டு போய்ட்டேன், இப்பவும் அவன் அங்கதான் இருக்கான். என்னைக் காட்டிக் கொடுக்கக் கூடாதுன்னு நீங்க ஏதோ ஒரு தெருநாயைப் பிடிச்சு வச்சு மூணு மாசமா சமாளிக்கறீங்களேன்னு, தினமும் உங்களை மனசுக்குள்ள கும்பிட்டுட்டு இருக்கேன்."