பேன் சீப்பு சிஸ்டர் தந்த தாய்மாமன் பதவி

ஆவடிக்கு மேற்கே, பேன் சீப்பு சிஸ்டர் முன்னால் குனியாத தலை ஒன்றுகூடக் கிடையாது. மாணவர் தலை, பெற்றோர் தலை, கையெழுத்து வாங்க வந்த தபால்காரர் தலை, பள்ளியை ஆய்வு செய்ய வந்த அதிகாரியின் தலை. அதிகாரி ஆய்வு அறிக்கை எழுதுவதற்குள் சிஸ்டர் அவர் தலையை ஆய்ந்து முடித்துவிட்டார். "ரெண்டு ஈரு இருக்கு சார். வீட்டுல பாக்கச் சொல்லும்."

என் தலை குனிந்தது வேலையில் சேர்ந்த முதல் நாள். பட்டாபிராமில் ரயில் பாதை ஓரம் இருந்த கத்தோலிக்கத் தொடக்கப் பள்ளி அது. எங்கள் வம்சத்திலேயே வாத்தியாரான முதல் ஆள் நான். திருநின்றவூரிலிருந்து இஸ்திரி போட்ட முழுக்கைச் சட்டையோடு வந்து, ஐந்தாம் வகுப்பு வாசலில் "வணக்கம் மாணவர்களே" என்று கம்பீரமாகச் சொல்லி வாய் மூடவில்லை.

"வாத்தியாரே, தலையக் குனியும்."

திருநெல்வேலிப் பக்கத்துக் குரல். வெள்ளை அங்கி, தடித்த கண்ணாடி, கையில் மரப் பேன் சீப்பு. நாற்பத்திரண்டு பிள்ளைகள் பார்க்க நான் குனிந்தேன். இந்த அவமானத்தை நான் மன்னிக்கவில்லை. பேன் இல்லை என்று சான்றிதழ் கிடைத்ததற்குப் பிள்ளைகள் கைதட்டினார்கள், அதையும் மன்னிக்கவில்லை.

திங்கட்கிழமை கடைசிப் பாடவேளையில் கத்தோலிக்கப் பிள்ளைகளுக்கு ஞானோபதேசம், மற்றவர்களுக்கு நீதிபோதனை. அதுதான் பள்ளி வழக்கம். சிஸ்டர் இரண்டு கூட்டத்தையும் ஒரே அறையில் உட்காரவைத்து உடம்பைப் பற்றியும் உறவைப் பற்றியும் பாடம் நடத்துவார். தலைமையாசிரியையான பெரிய சிஸ்டர் ஆட்சேபித்தபோது, "பேன் ஞானஸ்நானம் கேட்டுக்கிட்டா ஏறுது?" என்று பதில் வந்தது.

எங்கள் பள்ளியில் மனித உடல் படம் ஒன்று உண்டு. அந்த மனிதனுக்கு யாரோ எப்போதோ புத்தகத்துக்கு அட்டை போடும் பழுப்புக் காகிதத்தில் ஒரு டவுசர் ஒட்டியிருந்தார்கள். பல வருடங்களாக அவர் டவுசரோடுதான் சாப்பாட்டைச் செரித்துக்கொண்டிருந்தார். சிஸ்டர் ஒரு திங்கட்கிழமை அதை ஈரத்துணியால் நனைத்து உரித்துவிட்டார். படத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கும் பொறுப்பு யாருக்கு? இருபத்திரண்டு வயது, கல்யாணமாகாத, கூச்ச சுபாவமுள்ள எனக்கு. நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"வாத்தியாரே, ஜன்னல்ல பாடம் இல்ல. இங்க பாரும். இது கெட்ட வார்த்தையா? கைக்கு ஒரு பேரு, காலுக்கு ஒரு பேரு, இதுக்கும் ஒரு பேரு. பேரு தெரியாத இடத்துல வலிச்சா புள்ள யாருகிட்ட எப்படிச் சொல்லும்?"

எனக்குக் கோபம் வந்தது. நியாயம் அவர் பக்கம் இருந்ததால் இன்னும் கூடுதலாக வந்தது.

அடுத்து ஒரு கோஷம் கற்றுக்கொடுத்தார். "கேட்டுட்டுத் தொடு!" பிள்ளைகள் கையை முன்னால் நீட்டிக் கத்த வேண்டும். பங்குத் திருவிழா அன்று, எல்லாக் குழந்தைகளின் கன்னத்தையும் கிள்ளிக்கொண்டே வரும் வயதான பங்குத்தந்தை, ஒன்றாம் வகுப்பு பீட்டரிடம் வந்தார். "ஃபாதர், கேட்டுட்டுத் தொடுங்க!" என்று அவன் கத்த, பள்ளி முழுவதும் அதைத் திருப்பிக் கத்தியது. பாவம், நல்ல மனிதர். இரண்டடி பின்வாங்கி, "கன்னத்தைத் தொடலாமாப்பா?" என்று கேட்டார்.

பீட்டர் யோசித்தான். "இப்ப வாணாம் ஃபாதர். மிட்டாய் துன்னுகினு கீறேன்."

அதற்கு விளக்கக் கடிதம் எழுதியது யார் என்கிறீர்கள்? நான்தான். சிஸ்டரின் கையெழுத்து கோழி கிளறியது போல இருக்குமாம்.

எல்லாவற்றிலும் பெரிய கலவரம் ஒரு வீட்டுப்பாடத்தால் வந்தது. "நேற்று ராத்திரி அம்மா எத்தனை மணிக்குச் சாப்பிட்டார்? என்ன சாப்பிட்டார்?" இவ்வளவுதான் கேள்வி. மறுநாள் காலை முதல் மணிக்கு முன்பே ஏழுமலை வந்துவிட்டார். தொழிற்சாலை கேண்டீனில் வேலை பார்ப்பவர், என் வகுப்பு மஞ்சுளாவின் அப்பா.

"இன்னா சிஸ்டர்! எம் பொண்டாட்டி இன்னா துன்றா, எப்ப துன்றான்னு உங்க இஸ்கோலுக்கு எதுக்கு?"

சிஸ்டர் மஞ்சுளாவின் நோட்டைப் பிரித்தார். "பத்தரை மணி. அடிச்சட்டியில ஒட்டினது. கொழம்பு இல்ல. ஏழுமலை, நீரு கேண்டீன்ல ஐந்நூறு பேருக்கு ஆக்கிப் போடுதீரு. வீட்டுல ஒரு ஆளுக்குக் கொழம்பு மிஞ்சல. தலையக் குனியும், பேன் பாப்போம்."

அவரும் குனிந்தார்!

மஞ்சுளாதான் அந்த வகுப்பிலேயே கணக்கில் கெட்டிக்காரி. எங்கள் பள்ளி ஐந்தாம் வகுப்போடு முடிந்துவிடும். ஆறாவதுக்கு ரயிலேறி ஆவடி போக வேண்டும். முழுப்பரீட்சைக்கு இரண்டு மாதம் இருக்கும்போது அவள் என் மேசைக்கு வந்து, பதற்றமில்லாமல் சொன்னாள்: "சார், சிஸ்டர் பாடத்துல சொன்னது எனுக்கு வந்துடுச்சு. அவங்க ரூமுக்குப் போவட்டுமா?"

என் கையிலிருந்த சாக்பீஸ் கீழே விழுந்து மூன்று துண்டானது. அவளோ தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு சிஸ்டர் அறைக்கு நடந்தாள். அவள் அழாததைத்தான் நான் திரும்பத் திரும்ப நினைத்தேன். என் அக்கா ஏழாவது படிக்கும்போது, சாகப்போகிறோம் என்று நினைத்து வைக்கோல் போருக்குப் பின்னால் ஒளிந்து அழுதாள். சடங்குக்குச் சீரோடு வந்த தாய்மாமன், "படிச்ச வரைக்கும் போதும்" என்றார். மாமன் சொல்லுக்கு எதிர்ச்சொல் ஏது? அவள் நோட்டுகளில் எழுதாமல் மிச்சமிருந்த பக்கங்களைக் கிழித்துத் தைத்துத்தான் நான் படித்தேன்.

மஞ்சுளா விஷயத்திலும் அதே பேச்சுதான். "ஆறாவுதெல்லாம் வாணாம் சிஸ்டர். வயசுக்கு வந்த பொண்ண ரயில்ல ஏத்தி அனுப்ப முடியுமா? காலம் கெட்டுக் கீது," என்றார் ஏழுமலை. அவருக்கு வேறொரு கவலையும் இருந்தது. மனைவி காமாட்சியின் அண்ணன் சண்டை போட்டுக்கொண்டு போனதிலிருந்து பேச்சுவார்த்தையே இல்லை. தாய்மாமன் சீர் இல்லாமல் சடங்கு நடத்தினால் ஊர் சிரிக்கும்.

சிஸ்டர் என் பக்கம் திரும்பினார். "வாத்தியாரே, அந்தக் காமாட்சி பொறந்தது உம்ம தெருவுலதான?"

"ஆமா சிஸ்டர். பக்கத்து வீடு. அக்கா முறை."

"அப்ப நீரு தாய்மாமன்."

"எனக்கு இன்னும் கல்யாணமே ஆகல சிஸ்டர்!"

"அதுக்கும் இதுக்கும் என்னவே சம்பந்தம்? புதுவேட்டி இருக்கா?"

ஞாயிற்றுக்கிழமை காலை, மைக்செட் அலற, பச்சை ஓலைப் பந்தலுக்குள் நான் வேட்டி தடுக்கத் தடுக்க நடந்தேன். பின்னால் ஏழு தட்டுகள். பழம், பூ, வளையல், இனிப்பு. நடுத்தட்டைச் சிஸ்டர் தாமே சுமந்து வந்தார், மேலே பட்டுத்துணி மூடியிருந்தது. அதற்குள் சேலை என்று நான் நினைத்தேன். உங்கள் மேல் ஆணையாக, அப்படித்தான் நினைத்தேன்.

சடங்கு முறை என்னவென்றால், தண்ணீர் ஊற்றி முடிந்ததும் பெண் மாமன் கொண்டுவந்த துணியைத்தான் உடுத்தி மணையில் உட்கார வேண்டும். வேறு துணி கூடாது. ஒரு பெரியம்மா நடுத்தட்டின் பட்டுத்துணியை விலக்கினார்.

உள்ளே நீலப் பாவாடை, வெள்ளைச் சட்டை. ஆவடி உயர்நிலைப் பள்ளிச் சீருடை. அதன் மேல் ஒரு ஜியாமெட்ரி பாக்ஸ். பக்கத்தில் துவைத்து மடித்த பருத்தித் துணிகள் ஒரு அடுக்கு.

மைக்செட்காரன் பாட்டையே நிறுத்திவிட்டான்.

"இன்னாடி இது? சேல எங்க? எந்த ஊரு சீரு இது?" என்றார் பெரியம்மா.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் சிஸ்டரைப் பார்த்தேன். எதற்கும் வாய் திறக்கும் அந்த மனுஷி, அன்று மட்டும் பந்தலில் கட்டியிருந்த வாழைத்தாரை ஆராய்ந்துகொண்டிருந்தார். என்ன அநியாயம்! "இது என் வேலையில்லை, சிஸ்டர் வேலை" என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். நாக்கு நுனி வரை வந்தது. அப்போது ஓலைத் தடுப்புக்குப் பின்னால், மஞ்சள் பூசிய முகம் ஒன்று எட்டிப் பார்த்தது. எனக்கு வைக்கோல் போர் ஞாபகம் வந்தது.

"நான் கொண்டாந்த சீருதான்," என்றேன். குரல் கீச்சென்று வந்தது. "புள்ள ஆறாவது போவும். தினம் நானே ரயில்ல ஏத்தி வுடறேன். மாமன் சீர வாணாம்னு சொல்றவங்க இருந்தா, இப்பவே சபையில சொல்லுங்க."

யாரும் சொல்லவில்லை. எப்படிச் சொல்வார்கள்? ஏழுமலை துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு முனகினார்: "மாமன் சீர எப்டிமா தள்றது? வுடு, இட்டுகினு போய்க் கட்டு."

ஆக, பட்டாபிராம் வரலாற்றிலேயே முதல் தடவையாக ஒரு பெண் சீருடை போட்டு, தலை நிறையப் பூ வைத்து, மாலையோடு மணையில் உட்கார்ந்தாள். ஜியாமெட்ரி பாக்ஸை மட்டும் கையை விட்டுக் கீழே வைக்க மறுத்துவிட்டாள். ஸ்டூடியோக்காரர் எடுத்த படம் அவர்கள் வீட்டில் இன்றும் தொங்குகிறது. பக்கத்தில் திகைத்த முகத்தோடு ஒரு தாய்மாமன்.

பந்தியில் என்னருகே உட்கார்ந்து சிஸ்டர் சொன்னது இரண்டே வாக்கியம். "நல்லாப் பேசினீரு. அப்பளம் வேணுமா?"

எனக்கு வந்த கோபத்தில் மூன்று அப்பளம் சாப்பிட்டேன்.

கன்னியாஸ்திரீ ஒருவர் சடங்கு வீட்டில் சீர்த்தட்டு தூக்கியது பற்றி மேலிடத்துக்கு மொட்டைக் கடிதம் போனது. மே மாதம் மாற்றல் உத்தரவு வந்தது, எங்கோ வடக்கே, நம் பாஷை தெரியாத ஊருக்கு. உடல் படத்து மனிதருக்கு மறுபடி டவுசர் ஒட்டினார்கள். ஒரு பள்ளிக்கூடம் வெட்கப்பட வேண்டிய விஷயம் எத்தனையோ இருக்க, இதற்கா வெட்கப்படுவது? இப்போது திங்கட்கிழமைதோறும் ஈரத்துணி என் கையில். சாயங்காலம் யாரோ ஒட்டுகிறார்கள், நான் உரிக்கிறேன். போதாததற்கு, ஆவடி ரயிலில் நான் வருடா வருடம் ஏற்றிவிடும் பெண்கள் எண்ணிக்கை கூடிக்கொண்டே போகிறது. மொத்த பிளாட்பாரமும் என்னை "மாமா" என்கிறது. இப்படியிருந்தால் எனக்கு யார் பெண் கொடுப்பார்கள்?

சிஸ்டர் ஊரைவிட்டுப் போன காலை, சென்ட்ரல் போகும் ரயிலுக்காக ஒரு தகரப் பெட்டியோடு நின்றார். மஞ்சுளா அந்தச் சீருடையில் வந்திருந்தாள், பள்ளி திறக்க இன்னும் மூன்று வாரம் இருந்தும். கோபமாக இருந்தேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் கேட்காமலே தலையைக் குனிந்தேன்.

சிஸ்டர் சீப்பை எடுத்து உச்சியிலிருந்து பிடரி வரை ஒரு தடவை இழுத்து, வெளிச்சத்தில் உயர்த்திப் பார்த்தார். "ஒண்ணுமில்ல வாத்தியாரே. சுத்தமா இருக்கு."

ரயில் வரும் சத்தம் கேட்டது. ஒன்றுமில்லை என்று தெரிந்த பிறகும், இன்னொரு தடவை மெதுவாகச் சீவினார். நான் நிமிரவில்லை.