எங்களுக்குக் குடியுரிமை கிடைத்த விவரம்

அன்புள்ள பெரிய மச்சானுக்கு வணக்கம். இங்கே யாவரும் நலம். உங்கள் முழங்காலும் வீட்டில் மற்றவர்களும் நலமா?

உட்கார்ந்துகொண்டு படியுங்கள். இருபத்து மூன்று வருடம் எந்த நாட்டுக் கணக்கிலும் இல்லாமல் கிடந்த எங்களுக்குக் குடியுரிமை கிடைத்துவிட்டது. இதில் என் பங்கை நானே சொல்லக்கூடாது, ஆனால் வேறு யாரும் சொல்லமாட்டார்கள். நாலு மாதமாகத் தையல் கடையிலிருந்து வந்ததும் வராததுமாக, குடியுரிமைத் தேர்வுக் கேள்விகளைத் துணி வெட்டும் மேசையில் சாக்கட்டியால் எழுதி உங்கள் தங்கைக்குப் பாடம் நடத்தினேன், அவளோ ஆஸ்பத்திரிச் சலவையறையில் எட்டு மணி நேரம் நின்ற அலுப்பில் கண்ணை மூடிக்கொண்டே பதில் சொல்வாள், தூங்குகிறாயா என்று அதட்டினால் என் கேள்வியில் இருக்கும் தப்பைத் திருத்துவாள். நேர்காணலன்று அதிகாரியம்மா கேட்கும் ஒவ்வொரு கேள்விக்கும் இவள் எழுந்து நிற்க, மரியாதைக்கு அந்த அம்மாவும் எழுந்து நிற்க, கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்த நான் சண்டை என்று நினைத்து உள்ளே புகுந்துவிட்டேன். அங்கே பிறந்தநாள் விவகாரம் ஓடிக்கொண்டிருந்தது. அகதி முகாமில் பதிவு எழுதிய எழுத்தர் எல்லாருக்கும் ஜனவரி ஒன்று என்று போட்டாரல்லவா, அதுதான்.

“ஒரே வீட்ல புருஷன், பொண்டாட்டி, பொண்ணு மூணு பேருமே ஒரே தேதியில பொறந்தீங்களா?”

“அன்னைக்கு வரிசையில நின்ன நானூறு பேரும் அதே தேதியிலதாங்க பொறந்தோம்” என்றாள் உங்கள் தங்கை, கொஞ்சமும் அசராமல்.

அந்த அம்மா சிரித்துக்கொண்டே முத்திரை குத்தினார். உறுதிமொழி எடுத்த நாளில் அவள் குரல் ஒரு இடத்திலும் நடுங்கவில்லை, எனக்குத்தான் கண் கலங்கியது. பெருமையாக இருக்கிறது மச்சான், அதை மறைக்க எனக்குத் தெரியவில்லை.

பிள்ளைகளுக்கு எங்கள் ஆசிகள்.

இப்படிக்கு,
இந்த நாட்டுக் குடிமகனும் உங்கள் தங்கையின் கணவனுமான நான்.

பி.கு.: கடிதத்தைப் படித்த உங்கள் தங்கை, உண்மையை எழுதாமல் உறையை ஒட்டக்கூடாது என்கிறாள். மேலே ‘எங்களுக்கு’ என்று எழுதியதில் ஓர் ஆள் குறையும். அவளுக்கும் மகளுக்கும் கிடைத்தது. என்னை நேர்காணல் செய்த வேறோர் அதிகாரி, “இந்த நாட்டுல எவ்வளவு காலம் இருக்கப்போறீங்க?” என்று கேட்டார். வருடக்கணக்காகத் தங்கும் அனுமதிச் சீட்டை ஆறாறு மாதமாக நீட்டிக்கச் சொல்லிக் கேட்டுப் பழகிய வாய், “ஆறு மாசம்தாங்க ஐயா” என்று சொல்லிவிட்டது. அவரும் அப்படியே எழுதிக்கொண்டார். இப்போது குடிமகள் என்ற உரிமையில் அவள் எனக்காக மனுப் போட்டிருக்கிறாள். தினமும் காலையில் நான் செருப்பு மாட்டும்போது கேட்கிறாள், “எவ்வளவு காலம் இருப்பீங்க?”

“சாகுறவரைக்கும்” என்கிறேன்.

“இன்னும் சத்தமா” என்கிறாள்.