ஓரவெட்டிப் பராமரிப்புக் குழு

உலகத்தில் பெரிய பெரிய சாம்ராஜ்யங்கள் எல்லாம் மண்ணோடு மண்ணாகப் போனதற்கு ஒரே காரணம், அவற்றுக்கு ஒரு பராமரிப்புக் குழு இல்லாமல் போனதுதான். எங்கள் குடியிருப்புக்கு அந்தக் கதி வராது. எங்களிடம் குழு இருக்கிறது. அதன் அமைப்பாளர் அடியேன். நாங்கள் பராமரிக்கும் மெஷினைப் போல அப்பழுக்கில்லாத மெஷின் வேறு எங்காவது இருந்தால், அது இன்னும் கடையில் விற்காமல் கிடக்கும் மெஷினாகத்தான் இருக்க வேண்டும்.

மெஷினைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். எங்கள் கட்டடங்களுக்கு நடுவே ஒரு புல்வெளி. அதன் குறுக்கே, எங்கள் வாசலிலிருந்து பெரிய கேட் வரைக்கும் ஒரு சிமென்ட் நடைபாதை. புல்லுக்கு விதிமுறை தெரியாது, பாதைமேல் ஏறிப் படரும். அதைக் கோடு போட்ட மாதிரி ஓரமாக வெட்டி நிறுத்த ஒரு மின்சார மெஷின் உண்டு. நீளக் கைப்பிடி, அடியில் சின்னச் சக்கரம், பக்கத்தில் நின்றவாக்கில் சுற்றும் ஒரு பிளேடு, பிளேடுக்கு ஒரு மூடி, பின்னால் வால் மாதிரி ஒரு நீள வயர். தோட்டக்காரர் அதை 'ஓரவெட்டி' என்பார். எங்கள் ஆவணங்களில் அதன் பெயர் 'மின்விசைப் புல்லோர ஒழுங்குபடுத்தி'. இந்தப் பெயரை முடிவு செய்யவே ஒரு முழுக் கூட்டமும் நிறைய பிஸ்கட்டும் தேவைப்பட்டன.

என் அக்காவைப் பற்றியும் இங்கேயே சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் அவளே குறுக்கிட்டுச் சொல்லிவிடுவாள். ஒரு பெரிய அலுவலகத்தில் தட்டச்சுப் பிரிவையே ஆட்டி வைத்தவள். அவள் ஓய்வு பெற்றுவிட்டாள், அவள் குரல் பெறவில்லை. குளியலறைக்குப் போகும்போது வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்து, ஆபரேஷன் முடிந்து, எங்கள் வீட்டில் இருக்கிறாள். நாலு கால் வாக்கரைப் பிடித்துக்கொண்டு நடப்பாள். பயிற்சி கொடுக்க வரும் பெண் கறாராகச் சொல்லியிருந்தாள்: "தினமும் கேட் வரைக்கும் போய்ட்டு வாங்கம்மா. விடாம நடந்தா வாக்கரையே தூக்கிப் போட்டுடலாம். நிறுத்தினீங்கன்னா கால் இறுகிடும். அப்புறம் நான் வந்தும் பிரயோஜனம் இல்லை."

வாக்கரின் நாலு காலும் நடைபாதையின் அகலத்துக்குள் மட்டுமட்டாக அடங்கும். இரண்டு பக்கமும் விரலளவுதான் மிச்சம். அக்காவுக்கு அது போதுமானதாக இருந்தது.

ஒருநாள் ஓரவெட்டி உறுமியது, ஆனால் பிளேடு சுற்றவில்லை. கருகிய வாசனை வந்தது. தோட்டக்காரர் சுவிட்சை அணைத்தார், மெஷினை மரத்தில் சாய்த்தார், பக்கத்திலேயே தானும் சாய்ந்துகொண்டார்.

"என்னங்க ஆச்சு?" என்று கேட்டேன்.

"மெஷினுக்கு உடம்பு சரியில்லைங்க."

"அது சரியாகறவரைக்கும் கத்தரியால வெட்டலாமே?"

"கத்தரின்னா குனியணுங்க. குனியக் கூடாதுன்னுதானே மெஷினே வாங்கினீங்க?"

அவ்வளவு நியாயமாகப் பேசுகிற ஆளை வேலை செய்யச் சொல்வது எப்படி?

மெக்கானிக் வந்தார். முதலில் வயரைப் பிடுங்கினார். மெஷினைக் கவிழ்த்தார். மூடிக்கு அடியில் ஈர மண்ணும் புல்லும் செங்கல் மாதிரி இறுகிக் கிடந்தன. ஒரு குச்சியால் சுரண்டி எடுத்தார். பிளேடு தேய்ந்து பாதியாகியிருந்தது, புதுசு போட்டார். மோட்டாருக்குள் தேய்ந்திருந்த கார்பன் துண்டை மாற்றினார், காற்று போகிற ஓட்டைகளை ஊதினார். வயரைச் செருகினார். ஓரவெட்டி கிர்ரென்று கிளம்பியது.

"இவ்வளவுதானா?" என்றார் எங்கள் குடியிருப்புச் சங்கத் தலைவர். அவருக்கு ஏமாற்றம். ஒரு பெரிய துறையில் பெரிய பதவியில் இருந்தவர். எந்தத் துறை என்று அவர் சொன்னதில்லை, கேட்கும் தைரியம் எங்களுக்கும் வந்ததில்லை.

"இவ்வளவுதான் சார். வேலை முடிஞ்சதும் வயரைக் கழட்டிட்டு அடியில சுரண்டி விடுங்க. பிளேடு தேஞ்சா மாத்துங்க. மத்தபடி ஓடட்டும்."

"மறுபடியும் பழுதாகுமா?"

"ஓடற மெஷின் பழுதாகத்தான் செய்யும். கொண்டு வாங்க. எனக்கும் பொழப்பு நடக்கணும் இல்ல?"

வேறு யாராக இருந்தாலும் இதைக் காதில் வாங்காமல் விட்டிருப்பார்கள். தலைவர் விடவில்லை. அன்று மாலையே கூட்டத்தைக் கூட்டினார்.

"மெஷின் எப்பப் பழுதாச்சு?"

"ஓடும்போது."

"அதுக்கு முந்தின தடவை?"

"அப்பவும் ஓடும்போதுதான்."

"சும்மா இருக்கும்போது எப்பவாவது பழுதாகியிருக்கா?"

அறையில் எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்தோம். வரலாறு நடக்கும்போது உட்காருகிற விதம் அது. தோட்டக்காரர் எழுந்து சாட்சி சொன்னார்: "சத்தியமா இல்லைங்க. சும்மா இருக்கும்போது தங்கமா இருக்கும்."

"இதுவரை நேர்ந்த பழுதுகள் யாவும் பயன்பாட்டின்போதே நேர்ந்துள்ளமையால், பயன்பாட்டைத் தவிர்ப்பதே முறையான பராமரிப்பு என ஏகமனதாகத் தீர்மானிக்கப்படுகிறது." இந்தத் தீர்மானத்தில் 'யாவும்' என்ற சொல் என்னுடையது.

மெக்கானிக்கின் பாதுகாப்பு யோசனையையும் நாங்கள் உதறிவிடவில்லை, வளர்த்தெடுத்தோம். பிளேடைத் தொடும்போது வயர் செருகியிருக்கக் கூடாது என்றால், இரண்டும் ஒரே வீட்டில் இருப்பதே ஆபத்துதானே? ஆகவே வயர் தலைவர் வீட்டு பீரோவில். பிளேடு துணியில் சுற்றி என் வீட்டு அலமாரியில். மெஷினின் உடல் மட்டும் கேட்டுக்குப் பக்கத்தில் உள்ள கூட்ட அறையில், கண்ணாடிப் பெட்டிக்குள். மூன்றும் ஓரிடத்தில் சந்திக்கக் குழுவின் முழு ஒப்புதல் வேண்டும். கத்தரியால் வெட்டுவதற்கும் தடை விதித்தோம். மெஷின் வைத்திருப்பவர்கள் கத்தரியால் வெட்டினால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்? தோட்டக்காரர் இந்தத் தடையை முழு மனதோடு வரவேற்றார்.

பிறகு மழை பிடித்துக்கொண்டது. புல் பாதைமேல் இரண்டு பக்கமிருந்தும் ஏறியது.

"டேய், அந்த மெஷினை எடுத்து ஒரு தடவை ஓட்டச் சொல்லுடா," என்றாள் அக்கா. "பாதை பத்தலை. வாக்கர் கால் புல்லுல புதையுது."

"அது பராமரிப்புல இருக்குக்கா."

"ரிப்பேரா?"

"இல்லக்கா, நல்லா இருக்கு. அதனாலதான் ஓட்டறதில்லை."

அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "உன் மூளையையும் அப்படித்தான் வெச்சிருக்கியா?"

படிக்காதவள் என்றால் விட்டுவிடலாம். படித்தவள் இப்படிப் பேசினால் வருத்தமாகத்தான் இருக்கும். இருந்தாலும் பொறுமையாகச் சொன்னேன்: "ஒரு மனு எழுதிக் கூட்ட அறையில தலைவர்கிட்ட நேர்ல கொடுக்கா. பரிசீலிப்போம்."

"கூட்ட அறைக்கு அந்தப் பாதையிலதானேடா போகணும்?"

இதைத்தான் நடைமுறைச் சிக்கல் என்பது. குறித்துக்கொண்டேன்.

அக்காவின் நடை சுருங்கியது. கேட் வரைக்கும் போனவள் மரம் வரைக்கும் போனாள். பிறகு வாசற்படியோடு திரும்பினாள். பயிற்சிக்கு வரும் பெண் காலை மடக்கிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள். நானோ குழுவுக்கு நல்ல செய்தியாகவே எழுதினேன்: 'நடைபாதையின் பயன்பாடும் கணிசமாகக் குறைந்துள்ளதால், நடைபாதையும் சிறப்பாகப் பராமரிக்கப்பட்டு வருகிறது.' தலைவர் என் தோளில் தட்டினார்.

அந்தச் சமயத்தில்தான் குடியிருப்புச் சங்கங்களின் கூட்டமைப்பிலிருந்து பராமரிப்பு விருதுக்கான நடுவர் வந்தார். கண்ணாடிப் பெட்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

"ஒரு கீறல் கூட இல்லையே! எப்படி?"

"பயன்படுத்தறதில்லை," என்றேன் அடக்கமாக.

"பல இடங்கள்ல இது புரியறதே இல்லை," என்று பெருமூச்சு விட்டார். எங்களுக்கு 'பராமரிப்புச் செம்மல்' விருது அறிவிக்கப்பட்டது.

விழா கூட்ட அறையில். நான் மேடையில் இருக்க வேண்டும். அக்கா வருவேன் என்று ஒற்றைக் காலில் நின்றாள். அந்த நிலைமையில் அவளால் முடிந்ததும் அதுதான்.

"என் தம்பிக்கு விருது தர்றாங்க, பாக்க வேண்டாமா? நீ முன்னாடி போ. நான் மெதுவா வர்றேன்."

சொன்னால் நம்ப மாட்டீர்கள், அவள் அப்படிச் சொன்னதும் என் சட்டையை இன்னொரு தடவை நீவிவிட்டுக்கொண்டேன். திட்டுகிற வாயால் அவள் என்னைப் பாராட்டுவது அபூர்வம்.

மேடையில் கேடயத்தை வாங்கிக்கொண்டு நிமிர்ந்தேன். ஜன்னல் வழியாகப் புல்வெளி தெரிந்தது. நடுவில் அக்கா. பாதை எது, புல் எது என்று தெரியாமல் வாக்கரை ஒவ்வோர் அடியாக ஊன்றி வந்துகொண்டிருந்தாள். மரத்தைத் தாண்டிவிட்டாள். அப்போது வாக்கரின் இடது கால் பாதையின் ஓரத்தைத் தாண்டி ஈர மண்ணில் இறங்கியது. வாக்கர் சாய்ந்தது. அக்காவும் சாய்ந்தாள். உள்ளே கைதட்டல் ஓயவில்லை.

கேடயத்தோடு ஓடினேன். சேற்றில் ஒருக்களித்துக் கிடந்தாள். அழுதுவிட்டேன்.

"அழாதடா. அந்தக் கேடயத்தைக் கீழ வெச்சுட்டுக் கையைக் கொடு," என்றாள்.

எலும்பு முறியவில்லை. ஆனால் எங்கள் சங்கம் இப்படிப்பட்ட சம்பவங்களைச் சும்மா விடும் சங்கம் அல்ல. மறுநாளே அவசரக் கூட்டம்.

"அம்மா எப்ப விழுந்தாங்க?" என்று கனிவோடு கேட்டார் தலைவர்.

"நடக்கும்போது."

"அதுக்கு முந்தி?"

"குளியலறைக்கு... நடக்கும்போது."

"உட்கார்ந்திருக்கும்போது எப்பவாவது?"

யோசித்துப் பார்த்தேன். "ஒரு தடவைகூட இல்லை."

தலைவர் சுற்றிலும் பார்த்தார். மேற்கொண்டு விளக்கம் யாருக்கும் தேவைப்படவில்லை. தீர்மானத்தை எழுதும் சிரமம்கூட எனக்கு இல்லை, பழையதில் பெயரை மட்டும் மாற்றினேன். 'யாவும்' அப்படியே இருந்தது.

சங்கத்தின் சார்பில் அக்காவுக்கு அருமையான ஒரு நாற்காலி வந்தது. ஜன்னலோரமாகப் போட்டோம். வாக்கரைத் துடைத்து, மடக்கி, என் அலமாரியில் பிளேடுக்குப் பக்கத்தில் வைத்துப் பூட்டினேன். ஆரம்பத்தில் அதைக் கேட்டுக் கத்தினாள். "கால் இறுகிடும்டா, கொடுடா" என்பாள். நான் தீர்மானத்தைப் படித்துக் காட்டுவேன். பிறகு கேட்பதை விட்டுவிட்டாள். பயிற்சிக்கு வந்த பெண் கடைசியாக ஒருநாள் காலை மடக்கிப் பார்த்தாள், மடங்கவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு போனவள் அப்புறம் வரவில்லை. அக்காவின் குரலும் மெல்ல மெல்ல ஓய்வு பெற்றுவிட்டது. வீட்டில் ஒரே அமைதி. அதன் பிறகு அவள் ஒருமுறை கூட விழவில்லை என்பதைப் பெருமையோடு தெரிவித்துக்கொள்கிறேன்.

இந்த ஆண்டும் நடுவர் வந்தார். கண்ணாடிப் பெட்டியைப் பார்த்து மெய்மறந்தார். டீ குடிக்க அவரை வீட்டுக்கு அழைத்து வந்தேன். ஜன்னலோரம் அக்கா உட்கார்ந்திருந்தாள். சுருக்கமில்லாத புடவை, வாரிய தலை, மடியில் இரண்டு கை. வெளியே பாதை இருந்த இடத்தில் பச்சைப்பசேல் என்று புல்.

நடுவர் குரலைத் தாழ்த்தி என்னிடம் கேட்டார்: "அம்மாவுக்கு நடக்க முடியாதோ?"

நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா திரும்பினாள். ரொம்ப நாளைக்கு அப்புறம் அந்தப் பழைய குரல் வந்தது.

"நடந்துட்டுதான் சார் இருந்தேன். அப்புறம் இவங்க என்னைப் பராமரிக்க ஆரம்பிச்சுட்டாங்க."