நார் போட்ட பெஞ்சு

தன் சொந்த வீட்டில் தனக்கென்று உட்கார ஓர் இடம் இல்லாமல் இனி ஒரு மாதம்கூடத் தள்ளுவதில்லை என்று உடைப்பு சார் முடிவெடுத்தது ஒரு திங்கட்கிழமை மாலை. கையில் டீ. சமையலறை நிலைப்படியில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தார். உட்கார்ந்துதான் முடிவெடுத்திருப்பார். இடமில்லை.

கட்டுமானப் பொருள்களைச் சோதிக்கும் ஆய்வகத்தில் அவருக்கு வேலை. கான்கிரீட் கட்டிகளை இயந்திரத்தில் வைத்து நசுக்கி, எவ்வளவு பாரத்தில் உடைந்தது என்று எழுதுவார். இருபது வருஷமாக உடைக்கிறார். அதனால்தான் அந்தப் பெயர். ஆபீசில் அவர் கை பட்டால் பாலத்துக்குப் போடுகிற கான்கிரீட்டே தூளாகும். வீட்டில் அவர் பேச்சுக்கு ஒரு முட்டைகூட உடையாது.

வீட்டம்மா செடி வளர்த்து விற்பவர். பத்துத் தொட்டியில் ஆரம்பித்த வியாபாரம் நூற்று எழுபதுக்கு வந்துவிட்டது. சாய்வு நாற்காலியில் பெரணி. முக்காலியில் கள்ளி. சார் ஆசைப்பட்டு வாங்கி வந்த பிளாஸ்டிக் நாற்காலி ரெண்டு நாள்தான் அவருடையதாக இருந்தது. மூன்றாம் நாள் அதில் ஒரு ரோஜாத் தொட்டி, கால்மேல் கால் போடாத குறையாக வீற்றிருந்தது.

“ஏம்மா, இது நான் உக்கார வாங்கினது.”

“நீங்க ஆபீஸ் போனா சும்மாதானே கெடக்கு?”

“சாயங்காலம் திரும்பி வருவேன்ல?”

“வந்தா கொஞ்சம் நில்லுங்க.”

“ஆபீஸ்லயும் நாள் பூரா நின்னுக்கிட்டேதானே இருக்கேன்!”

“அப்ப பழக்கம்தானே?”

இப்படிப் பேசுகிறவரிடம் என்ன வழக்காடுவது? சார் நின்றபடியே டீயைக் குடித்து முடித்தார்.

அந்த வாரம்தான் ஆய்வகத்துக்கு ஒரு புதுமாதிரிப் பலகை சோதனைக்கு வந்தது. சிமெண்டில் தேங்காய் நாரைத் துண்டு துண்டாக நறுக்கிக் கலந்து வார்த்தது. சாதாரணப் பலகை என்றால் பாரம் ஏறினதும் படாரென்று ரெண்டாகி விழும். இது விரிசல் விட்டது. ஆனால் விரிசலுக்குள்ளே நார்கள் விறைப்பாக நின்று ரெண்டு பக்கத்தையும் இழுத்துப் பிடித்துக்கொண்டன. உடைந்தது, பிரியவில்லை. இருபத்திரண்டு வருஷக் குடும்பஸ்தருக்கு இந்தத் தத்துவத்தை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

கம்பி வேண்டாம், துருப்பிடிக்கிற பேச்சில்லை, குப்பைக்குப் போகிற நாருக்கும் ஒரு பிழைப்பு. சாருக்கு மனசு குளிர்ந்து போயிற்று. வாழ்நாள் முழுக்க உடைத்த கையால் ஒரே ஒரு பொருளை உருவாக்குவது என்று தீர்மானித்தார். கொல்லையில் வேப்பமர நிழலில் ஒரு பெஞ்சு. நாலடி நீளம், ஒன்றரை அடி அகலம், மூன்று அங்குல கனம். ஆனால் பெஞ்சு என்ற வார்த்தையை மட்டும் வாயைத் திறந்து சொல்வதில்லை. சொன்னால் அன்றைக்கே தொட்டி ஏறிவிடும்.

ஞாயிற்றுக்கிழமை வீட்டம்மா தங்கை வீட்டுக்குப் போன நேரத்தில், சோபா தைக்கிற கடையில் வாங்கின நாரை நறுக்கிப் போட்டு, மரச்சட்டத்துக்குள் கலவையைக் கொட்டி மட்டம் தட்டினார். புதன்கிழமை விரலால் அழுத்திப் பார்த்தார். விரல் உள்ளே போய்விட்டது. பழுப்புத் தண்ணீர் கசிந்தது.

பக்கத்து வீட்டுக் கொத்தனார் மதில் மேல் தலையை நீட்டினார்.

“என்ன சார், களி கிண்டிட்டீங்களா?”

“சிமெண்ட் பழசு, மேஸ்திரி.”

“சிமெண்ட் மேல பழி போடாதீங்க. அந்த நாரை முதல்ல...”

“மேஸ்திரி, இருபது வருஷமா நான் சிமெண்ட்டோட குடித்தனம் நடத்துறேன். எனக்கா சொல்லித்தர்றீங்க?”

“நான் எதுக்கு சார் சொல்லப்போறேன்?” என்று தலை மதிலுக்குப் பின்னால் இறங்கிவிட்டது.

அடுத்த ஞாயிறு சார் மறுபடி முயன்றார். இந்தத் தடவை புதுச் சிமெண்ட். நார்தான் போதவில்லை. திரும்பிப் பார்த்தால் சிமெண்ட் மூட்டைக்குப் பக்கத்திலேயே வீட்டம்மாவின் நார், செடித் தொட்டிக்காகக் காயவைத்தது, சாக்கில் விரித்துக் கிடந்தது. பொன்னிறமாக, சுத்தமாக. சார் அக்கம்பக்கம் பார்த்தார். ரெண்டு கை அள்ளினார். அப்புறம் இன்னும் நாலு கை.

மறுநாளே பலகை கல்லாக இறுகிவிட்டது. தட்டினால் கணீரென்றது. தன் கைப்பக்குவத்தை நினைத்து சாருக்கே கண் கலங்கியது.

வீட்டம்மா இடுப்பில் கைவைத்துப் பார்த்தார்.

“என்னங்க இது?”

“ஆபீஸ் சாம்பிள்.”

“ஆபீஸ் சாம்பிளுக்கு நம்ம கொல்லையில என்ன வேலை?”

“அங்க இடமில்ல. புது ஆராய்ச்சி. ரகசியம்.”

“பெஞ்சு மாதிரில்ல இருக்கு?”

“சாம்பிள்னா அந்த அளவுலதான் இருக்கணும். விதி.”

“ஓ.”

அந்த ‘ஓ’வை சார் கவனித்திருக்க வேண்டும். கவனிக்கவில்லை. ஆய்வாளர் தோரணையில் மேலே பேசிக்கொண்டே போனார்.

“இருபத்தெட்டு நாள் இதுக்கு ஈரம் காயக் கூடாது. அப்பத்தான் முழு பலம் வரும். கடைசியில பாரம் வேற ஏத்திப் பாக்கணும்.”

“காலையில எட்டு மணிக்குப் போனா ஆறு மணிக்கு வர்றீங்க. தண்ணி யாரு ஊத்துவா?”

“நீ கொஞ்சம்...”

“ஊத்துறேன்.”

கல்யாணமாகி முதல் தடவையாக வீட்டம்மா ஒரே வார்த்தையில் சம்மதித்தார். சார் அதைத் தன் சாமர்த்தியத்தின் கணக்கில் சேர்த்துக்கொண்டார்.

ஒரு வாரம் ஈரச் சாக்கு போர்த்தியிருந்தது. எட்டாம் நாள் கொத்தனாரையும் அவருடைய ஆள் ஒருவரையும் கூப்பிட்டு, பலகையைத் தூக்கி, ரெண்டு முனையிலும் அடுக்கிய செங்கல் மேல் வைத்தார்கள். உயரம் சரியாக சாரின் முழங்கால் மட்டம். பத்தாம் நாள் சாயங்காலம் வந்து பார்த்தால் அதன்மேல் ஆறு தொட்டி.

“ஐயோ, இது என்னம்மா?”

“செடிக்கு ஊத்துற தண்ணி சொட்டி, உங்க சாம்பிளும் நனையுது. ஒரே வேலையாப் போச்சு.”

சார் குனிந்து பலகையைத் தொட்டுப் பார்த்தார். நனைந்துதான் இருந்தது.

பதினைந்தாம் நாள் பன்னிரண்டு தொட்டி. இருபதாம் நாள் நடுவிலே ஒரு பெரிய மண் தொட்டி, எலுமிச்சையோடு.

“இவ்வளவு கனம் எதுக்கு?”

“பாரம் ஏத்திப் பாக்கணும்னு நீங்கதானே சொன்னீங்க? கொஞ்சம் கொஞ்சமா ஏத்துறேன். நோட்டுல எழுதிக்குங்க.”

சார் நோட்டை எடுத்து எழுதினார். வேறு வழி? உண்மையைச் சொன்னால் பொய் வெளியே வரும். பொய் வெளியே வந்தால் பின்னாலேயே நார் திருட்டும் வரும். தினமும் ஆறு மணிக்குக் கொல்லைக் கதவருகே நின்று டீ குடித்தபடி, தன் பெஞ்சில் எலுமிச்சைக் கன்று சொகுசாக உட்கார்ந்திருப்பதைப் பார்த்தார். இருந்தாலும் நாள் எண்ணினார். இருபத்தெட்டாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. ‘ஆபீஸில் சாம்பிள் வேண்டாம் என்றுவிட்டார்கள், கிடக்கட்டும், நானாவது உட்காருகிறேன்’ என்று சொல்ல வேண்டிய வசனத்தைக் கண்ணாடி முன் நின்று மூன்று தரம் ஒத்திகை பார்த்துவிட்டார்.

அந்த ஞாயிறு காலை கொல்லைக்கு வந்தவர் அப்படியே நின்றார். பெஞ்சு காலி. ஒரு தொட்டி இல்லை. துடைத்துச் சுத்தமாக, நிழலில் பளிச்சென்று இருந்தது.

“எல்லாத்தையும் எறக்கிட்டேன். உக்காருங்க” என்றார் வீட்டம்மா, கையில் டீயோடு.

“ஆபீஸ்ல வேண்டாம்னு...”

“உக்காருங்க முதல்ல.”

சார் உட்கார்ந்தார். கல்லின் குளிர்ச்சி வேட்டி வழியாக ஏறியது. மேலே மரம் சலசலத்தது. பல வருஷத்துக்குப் பிறகு தன் வீட்டில் உட்கார்ந்து குடிக்கிற டீ. அவருக்கு நிஜமாகவே சந்தோஷம் தாங்கவில்லை. அதற்கு மேலே ஒரு அதிசயமாக வீட்டம்மாவும் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

“நல்லாத்தான் செஞ்சிருக்கீங்க.”

“உனக்கு... தெரியுமா?”

“முதல் தடவை களியாப் போனப்பவே மேஸ்திரி சொல்லிட்டாரு. பச்சை நாரை அப்படியே போட்டா அதோட சாறு இறங்கி சிமெண்ட்டை இறுக விடாதாம். சுடுதண்ணியில ஊறப்போட்டு அலசணுமாம். உங்ககிட்ட சொல்ல வந்தா கேக்கலையாமே. அதான் என் நாரையே மூணு தண்ணி அலசி, உங்க மூட்டை பக்கத்துலயே காயப்போட்டேன்.”

சாருக்குக் காது சூடாயிற்று. ஆனாலும் கோபம் வரவில்லை. இப்படி இருவரும் ஒன்றாக உட்கார்ந்து எத்தனை நாளாயிற்று என்றுதான் தோன்றியது. திருட்டும் பொய்யும் தீர்ந்தன, பெஞ்சும் கிடைத்தது. மனைவிக்கு இன்னும் கொஞ்சம் இடம் விட்டு நகர்ந்தார்.

“ஆடுதாங்க?”

“துளிகூட ஆடல.”

“முனகுதா?”

“ஏம்மா, நாம ரெண்டு பேரும் என்ன, இன்னும் ஒருத்தர் உக்காந்தாலும் தாங்கும்!”

“அப்பாடா. எலுமிச்சைக் கன்னு வாங்க வந்த தலைமையாசிரியம்மா அதைத்தான் கேட்டாங்க, ‘ஆளுங்க உக்காந்தா தாங்குமா’ன்னு. எந்திரிங்க, இதை ஏத்திட்டுப் போகப் பள்ளிக்கூடத்து வண்டி வாசல்ல நிக்குது. இன்னும் அஞ்சு வேணுமாம், நாரை ஊறப்போட்டுட்டேன்.”