சீஸ் டின்னில் என் வீட்டுக்காரர்

பாசமுள்ள பஹியா மதினிக்கு, தமன்ஹூரிலிருந்து உங்கள் தம்பி பெண்டாட்டி அதியாத் எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். அஸ்வான் வெயிலில் உங்கள் முட்டிவலி தேவலையா? நான் இருக்கிறேன், அவ்வளவுதான்.

உங்கள் தம்பி மௌத்தாகி நாற்பதும் முடிந்தது, வீட்டில் அவர் முகம் ஒன்றுகூட இல்லை. கல்யாணத்தன்றே கேமராவைக் கண்டு தலையைத் திருப்பிக்கொண்ட மனுஷனாச்சே. பத்தொன்பது வயதில் வேலைக்குச் சேர்ந்தபோது எடுத்த ஒரே படம் ஃபைலில் இருக்கும் என்று பாசன ஆபீசுக்குப் போனேன். அங்கே காகிதத்தையெல்லாம் ஸ்கேன் பண்ணி கம்ப்யூட்டரில் ஏற்றுகிறார்களாம். ஹம்தி என்று ஒரு கிளார்க், பென்சிலால் காது குடைந்துகொண்டே, "இனிமே காகிதமே கிடையாது ஹாஜ்ஜா, எல்லாரும் இதுக்குள்ள இருக்காங்க" என்றான். "அப்ப எம் புருஷனை வெளிய வரச் சொல்லு" என்றேன். தட்டினான். பயூமி என்று அவர் பேர் வந்தது, படம் இருக்கவேண்டிய இடத்தில் இரண்டு ஓட்டை. காகிதத்தில் குத்தின குண்டூசி மெஷினில் சிக்குமாம், எல்லா ஃபைலிலும் பிடுங்கிவிட்டார்களாம், அதோடு படமும் கழன்றதாம். படத்தின் முதுகில் பேர் எழுத ஒரு மேதாவிக்கும் தோன்றவில்லை, அள்ளிச் சீஸ் டின்னில் போட்டிருக்கிறார்கள். முந்நூறு மீசை, மதினி, எல்லாம் ஒரே வெட்டு! "உங்க வீட்டுக்காரரை உங்களுக்கே தெரியலையா?" என்று இளிக்கிறான். "நான் கட்டினது முப்பது வயசு வழுக்கையை. இந்தப் பையனை நான் எங்கடா பார்த்தேன்?" என்றேன்.

கடைசியில் ஒரு படத்தில் கை நின்றது. அதே தோள். ஏழு வயதில் பேரீச்சை மரத்திலிருந்து விழுந்து பட்ட புருவத் தழும்பு மட்டும் இல்லை. "மெஷின் வெளிச்சத்துல அழிஞ்சிருக்கும்" என்றான். இத்தனையைத் தின்ற மெஷின் தழும்பையா விட்டுவைக்கும்? சுவரில் மாட்டி, தினம் அஸர் தொழுததும் பேசுகிறேன். கடைசி நாளில் கீரைக்கு உப்புக் கேட்டவரை, டாக்டர் சொன்னாரென்று ஏசிவிட்டேனே, அதற்கு மன்னிப்புக் கேட்டேன். கேட்டதுமே முகம் கனிந்தது. மனசு ஆறிவிட்டது.

அல்லாஹ் உங்கள் முட்டிக்குப் பலம் தரட்டும், ஹம்தியை அந்த மெஷினுக்குள்ளேயே வைத்துக் காக்கட்டும்.

அதியாத்

பின்குறிப்பு: கவரை ஒட்டுமுன் அடுத்த வீட்டு உம்மு ஷவ்கத் வந்தாள். அவள் புருஷனும் அதே ஆபீஸ், போன வருஷம் மௌத்தானவர். மாமன் மகனையே கட்டியவள் என்பதால் சின்ன வயசு முகமும் அவளுக்குத் தெரியும். "மூணு நாளா அந்த டின்னைக் குடையறேன், எம் புருஷனுக்கு உன் சுவத்துல என்னடி வேலை?" என்றாள். படத்தைக் கொடுத்துவிட்டு ஆபீசுக்கு ஓடினேன். டின் அடியில், புருவத்தில் தழும்போடு, உங்கள் தம்பி. மாட்டிவிட்டு, உப்புக் கதையை முதலிலிருந்து சொன்னேன். அந்த மனுஷர் கேட்டதுமே மன்னித்தார். இவர் முறைத்துக்கொண்டே இருக்கிறார். சந்தேகமே இல்லை மதினி, இவரேதான்.